கரியமில வாயு ஏர் பிஸ்டல்: வாங்கியவர்களின் அனுபவங்கள்

ரூர் நதிக்கரை (டோர்ட்மண்ட், ஜெர்மனி)

இலக்குச் சுடுதலுக்காகக் கரியமில வாயுவில் இயங்கும் பெல்லட் (சிறிய ஈயக் குண்டு) கைத்துப்பாக்கி வாங்கியவர்கள், எதைப் பார்த்து வாங்கினீர்கள், பிறகு எதற்காக வருந்தினீர்கள் என்று எழுதினால் புதிதாக வருகிறவர்களுக்கு உதவியாக இருக்கும். என்னுடையதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

நான் முதலில் வாங்கியது அழகுக்காக. காவலர்கள் இடுப்பில் செருகும் கைத்துப்பாக்கியை அப்படியே வார்த்தெடுத்தது போன்ற உலோக உடல், எட்டுப் பெல்லட் கொள்ளும் சுழல்தட்டு, பிடிக்குள் 12 கிராம் வாயுக் குப்பி. ஐங்கோணத்துக்குள் ‘எஃப்’ என்ற முத்திரையும் 7.5 ஜூலுக்கு மேற்படாத ஆற்றலும் கொண்ட காற்றுத் துப்பாக்கியை இங்கே 18 வயது நிறைந்தவர் உரிமம் இல்லாமல் வாங்கலாம் என்பதால், அடையாள அட்டையைக் காட்டிய சிறிது நேரத்தில் அது என் கையில் இருந்தது. வீட்டுக்குக் கொண்டுவந்து சமையலறை மேசையில் வைத்தேன். யாழ்ப்பாணத்திலிருந்து வந்து எங்களோடு தங்கியிருந்த அம்மா அதைக் கண்டதும் கையிலிருந்த தேநீர்க் கோப்பையை அப்படியே வைத்துவிட்டு அறைக்குள் போய்விட்டார். இது விளையாட்டுக்கானது என்று நான் விளக்கியதை அவர் ஏற்கவில்லை. “துவக்கு துவக்குத்தானே தம்பி” என்றார். இந்த நாட்டுச் சட்டமும் ஏறத்தாழ அம்மாவின் பக்கம்தான் நிற்கிறது: உண்மையான ஆயுதம் போலத் தோன்றுவதைப் பொது இடத்தில் வெளிப்படையாகக் கொண்டுசெல்லக் கூடாது, மூடிய பெட்டிக்குள் வைத்துத்தான் எடுத்துச்செல்ல வேண்டும்.

சுடும் கழகத்தில் பயிற்றுநர் அதைக் கையில் வாங்கிப் பார்த்தார். துப்பாக்கியின் பின்புறமுள்ள சுத்தியலைக் கட்டைவிரலால் முன்கூட்டியே பின்னிழுத்து வைக்காவிட்டால் அதன் விசை, அதாவது சுடுவதற்கு விரலால் இழுக்கும் பகுதி, மிகவும் கனமானது. அந்தக் கனத்தை விரல் இழுக்கும்போது குழல்முனை வலப்பக்கம் சரிவதை அவர் எனக்குக் காட்டினார். 10 மீட்டர் போட்டிக்கான துப்பாக்கியில் விசையை இழுக்கத் தேவையான எடை 500 கிராமுக்குக் குறையக் கூடாது என்பதுதான் விதி. ஆகவே எல்லோரும் அந்த 500 கிராமை ஒட்டியே வைத்துக்கொள்கிறார்கள். நான் வாங்கும்போது பார்த்ததெல்லாம் அட்டைப்பெட்டியில் அச்சிட்டிருந்த வேகத்தை மட்டுமே.

அதன் பிறகு குளிர்காலம் வந்தது. வீட்டு நிலவறையில் ஏறத்தாழ 10 பாகை (செல்சியஸ்) வெப்பத்தில் பயிற்சி செய்தபோது, கோடையில் நடுவில் விழுந்த பெல்லட்டுகள் எல்லாம் கீழே இறங்கின. குப்பிக்குள் இருப்பது திரவக் கரியமில வாயு. அதன் அழுத்தத்தைத் தீர்மானிப்பது எவ்வளவு மீதமிருக்கிறது என்பதன்று, எவ்வளவு சூடாக இருக்கிறது என்பதே. 20 பாகையில் சுமார் 57 பார் (அழுத்தத்தின் அலகு) இருக்கும் அழுத்தம், 10 பாகையில் சுமார் 45 பாராகக் குறைந்துவிடுகிறது. போதாததற்கு, அடுத்தடுத்து விரைவாகச் சுட்டால் ஆவியாகும் வாயுவே உலோகத்தைக் குளிர்வித்து இன்னும் கீழே இறக்குகிறது. பழுதென்று எண்ணி நான் பின்குறியை (குறிபார்க்க உதவும் பின்பக்கப் பிளவை) திருகித் திருகியே ஒரு மாதத்தை வீணாக்கினேன்.

கொங்கு நாட்டான் (கோயம்புத்தூர்)

அண்ணா, உங்களுக்குக் குளிர் செய்ததை எனக்கு வெயில் செய்தது.

எங்கள் பயிற்சிக்கூடத்தில் மூத்தவர் ஒருவர் தம் பழைய போட்டித் துப்பாக்கியை என்னிடம் விற்றார். 1990களின் நடுப்பகுதி வரை உலகப் போட்டிகளில் பலர் வைத்திருந்தது இந்த வகைதான். குழலுக்குக் கீழே நீண்ட வாயு உருளை, ஒரு முறைக்கு ஒரு பெல்லட், கையின் அளவுக்குச் செதுக்கிய மரப்பிடி. அழுத்தக் காற்றில் இயங்குபவை வந்த பிறகு இவை அலமாரிக்குப் போய்விட்டன. இந்தியாவில் 4.5 மில்லிமீட்டர் குழலும் 20 ஜூலுக்குட்பட்ட ஆற்றலும் உள்ள காற்றுத் துப்பாக்கிக்கு உரிமம் தேவையில்லை என்றாலும், வெளிநாட்டிலிருந்து வரவழைப்பது கட்டுப்பாடுகளுக்கு உட்பட்டது என்பதால், நல்லதொரு பழைய துப்பாக்கி உள்ளூரிலேயே கிடைத்தபோது நான் தயங்கவில்லை.

இதற்குக் குப்பி வாங்கிப் போட முடியாது. பெரிய உருளையிலிருந்து நாமே நிரப்ப வேண்டும். சிறிய உருளையைக் குளிர்பெட்டியில் வைத்துக் குளிரவைத்து, பெரிய உருளையைத் தலைகீழாக நிறுத்தித் திரவமாகவே இறக்க வேண்டும். மூத்தவர் இதைச் செய்து காட்டியபோது நான் எல்லாவற்றையும் கவனித்தேன், கடைசியில் அவர் தராசில் வைத்ததைத் தவிர. மறு ஞாயிற்றுக்கிழமை விடியற்காலையில் நானே நிரப்பி, “நிறைய இருந்தால் நல்லதுதானே” என்ற நினைப்பில் முழுவதும் ஏற்றி, காரின் பின்னிருக்கையில் பெட்டியை வைத்துவிட்டுச் சிற்றுண்டிக்குப் போய்விட்டேன். பயிற்சிக்கூடத்தில் மூத்தவர் உருளையைக் கையில் தூக்கியதுமே புருவத்தை உயர்த்தினார். சமையலறை மின்தராசில் வைத்துப் பார்த்தால் நிரம்பிய உருளைக்கு உரியதாக அதில் பொறித்திருந்த எடையைவிட 9 கிராம் கூடுதல். ஒரு சொல்லும் பேசாமல் வெளியே கொண்டுபோய் அந்த 9 கிராமையும் மெல்லத் திறந்துவிட்டார். அதன் பிறகுதான் பேசினார். அந்தப் பேச்சை இங்கே எழுத முடியாது.

அவர் சொன்னதன் சாரம் இது: உருளைக்குள் திரவம் விரிவதற்கு இடம் வேண்டும், இடமில்லாமல் நிரப்பிவிட்டு வெயிலில் வைத்தால், திரவம் விரிய விரிய அழுத்தம் தாறுமாறாக ஏறும். 31 பாகையைத் தாண்டினால் கரியமில வாயு திரவமாகவே நிற்பதில்லை. அதற்கு மேல் உள்ளே எத்தனை கிராம் இருக்கிறது என்பதைப் பொறுத்தே அழுத்தம் அமையும். நம் ஊர்ச் சித்திரை வெயிலில் அடைத்துவைத்த கார் எப்படிக் கொதிக்கும் என்பதை நான் சொல்ல வேண்டியதில்லை. இன்னொன்றையும் அவர் அழுத்திச் சொன்னார்: கரியமில வாயுவுக்காகச் செய்த உருளையில் 200 பார் அழுத்தக் காற்றை ஒருபோதும் ஏற்றக் கூடாது, திருகு மரை பொருந்தினாலும் கூடாது.

வெப்பத்தால் இலக்கு எவ்வளவு மாறும் என்று ஒருநாள் கணக்குப் போட்டேன். நொடிக்கு 120 மீட்டர் வேகத்தில் போகும் பெல்லட் 10 மீட்டர் கடப்பதற்குள் ஏறத்தாழ 34 மில்லிமீட்டர் தாழ்கிறது. வேகம் 135 ஆனால் 27 மில்லிமீட்டர்தான் தாழ்கிறது. வித்தியாசம் 7 மில்லிமீட்டர். ஏர் பிஸ்டல் இலக்கில் பத்தாம் வளையத்தின் விட்டம் 11.5, ஒன்பதாவதன் விட்டம் 27.5, அதாவது ஒரு வளையத்தின் அகலம் 8 மில்லிமீட்டர். காலையில் பத்தில் விழுந்தது நண்பகலில் ஏன் மேலேறி ஒன்பதுக்குப் போகிறது என்பது இந்தக் கணக்குக்குப் பிறகுதான் விளங்கியது. இப்போது நான் கூரை நிழலில் துப்பாக்கியை அரை மணி நேரம் வைத்து, அந்த இடத்தின் வெப்பத்துக்கு அது வந்த பிறகே குறியைச் சரிசெய்கிறேன்.

இடக்கையாளின் தாய் (சென்னை)

நான் சுடுபவள் அல்லள். பன்னிரண்டாம் வகுப்பில் படிக்கும் என் மகள் சுடுகிறாள். பாரிஸ் ஒலிம்பிக்கில் மனு பாக்கர் வெண்கலம் வென்ற வாரத்தில் பயிற்சிக்கூடத்தில் சேர்ந்த பல பெண்களில் அவளும் ஒருத்தி.

விலை குறைவு என்பதால் கரியமில வாயுத் துப்பாக்கி ஒன்றை வாங்கித் தர நாங்கள் எண்ணியிருந்தோம். அவளுடைய பயிற்சியாளர், போட்டிக்குப் போகும் எண்ணம் இருந்தால் அழுத்தக் காற்று வகைக்கே பணம் சேர்க்கும்படி சொன்னார். அதில் உருளையின் அழுத்தம் 200 பாரிலிருந்து இறங்கிக்கொண்டே வந்தாலும், உள்ளிருக்கும் சீராக்கி ஒவ்வொரு முறையும் ஒரே அளவு அழுத்தத்தையே தடுக்கிதழுக்கு (வால்வுக்கு) அனுப்புவதால், முதல் குண்டும் அறுபதாவது குண்டும் ஒரே வேகத்தில் போகின்றன. 60 குண்டுகளை 75 நிமிடங்களில் சுட்டு முடிக்க வேண்டிய பிள்ளை, வாயு குளிர்ந்துவிட்டதோ என்ற கவலையையும் சுமக்க வேண்டாம் என்பது அவர் வாதம். உருளைக்கும் ஆயுட்காலம் உண்டு, அதில் பொறித்திருக்கும் தேதியைப் பார்க்காமல் பழையது வாங்கக் கூடாது என்பதையும் அவர்தான் சொன்னார்.

ஆனால் எங்களுக்கு உண்மையான தொல்லை வாயுவால் வரவில்லை, பிடியால் வந்தது. மகள் இடக்கையால் சுடுபவள். கூடத்தில் இரவல் கிடைத்த துப்பாக்கிகள் எல்லாமே வலக்கைப் பிடி உடையவை. இரண்டு மாதம் அதையே பிடித்துப் பழகியதில் மணிக்கட்டு வீங்கி, குண்டுகள் எல்லாம் ஒரு பக்கமாகவே போயின. “அம்மா, கை வேறெங்கோ பார்க்குது” என்று அவள் சொன்னதை நான் சோம்பல் என்று நினைத்துத் திட்டிவிட்டேன். பிறகு இடக்கைப் பிடி ஒன்றை வாங்கி, அதிலும் சிறிய அளவைப் பொருத்திய அன்று, கண்ணை மூடிக்கொண்டு கையை உயர்த்தித் திறந்தால் முன்குறி தானாகவே பின்குறியின் பிளவுக்குள் நின்றது. இந்தச் சோதனையைக் கடையிலேயே செய்து பார்க்கலாம். ஒரு குண்டும் செலவாகாது.

எடையைப் பற்றியும் சொல்ல வேண்டும். போட்டித் துப்பாக்கி 1500 கிராமைத் தாண்டக் கூடாது, 420, 200, 50 மில்லிமீட்டர் அளவுள்ள பெட்டிக்குள் அடங்க வேண்டும் என்பவை விதிகள். 1500 கிராம்வரை போகலாம் என்பதற்காக அவ்வளவு எடை வேண்டும் என்பதில்லை; நாங்கள் முன்னெடைகளைக் கழற்றிவிட்டு ஒரு கிலோவுக்குச் சற்று குறைவாகவே வைத்திருக்கிறோம்.

லெஸ்டர் பெரியவர் (இங்கிலாந்து)

இங்கே 1997ஆம் ஆண்டுச் சட்டத்திருத்தம் வரும் வரை கரியமில வாயுத் துப்பாக்கிக்குக் காவல்துறை தரும் ஆயுதச் சான்றிதழ் வேண்டியிருந்தது. அதன் பிறகே மற்ற காற்றுத் துப்பாக்கிகளைப் போல இதையும் நடத்தத் தொடங்கினார்கள். அந்த மாற்றத்துக்குப் பிறகு நான் வாங்கியதும் விற்றதும் ஏழு. அவற்றுள் நான்கின் கதை ஒன்றுதான்: அடைப்பு வளையம் தேய்ந்து வாயு கசிந்தது. ஆகவே பழையது வாங்குகிறவர்கள் விலை பேசுவதற்கு முன்னால் ஒரு குப்பியைப் போட்டுவிட்டு, ஒரு மணி நேரம் வேறு எதையாவது பேசிக்கொண்டிருங்கள். பிறகு சுட்டுப் பாருங்கள். அந்த மாதிரிக்கு வளையங்கள் இன்னும் கிடைக்கின்றனவா என்றும் கேளுங்கள். கிடைக்கவில்லை என்றால் எவ்வளவு மலிவாக இருந்தாலும் அது அலங்காரப் பொருளே. குப்பியின் கழுத்தில் உரிய எண்ணெய் ஒரு துளி விட்டுப் பொருத்தும் பழக்கத்தால் என் கடைசித் துப்பாக்கி இன்றும் கசியாமல் இருக்கிறது. கையில் கிடைத்த தையல் இயந்திர எண்ணெயை விட்டு ஒன்றின் வளையங்களை ஊதவைத்ததும் நானேதான்.

கொங்கு நாட்டுத் தம்பிக்கு: அந்த மூத்தவரை விட்டுவிடாதீர்கள்.

ரூர் நதிக்கரை (டோர்ட்மண்ட், ஜெர்மனி)

எழுதிய அனைவருக்கும் நன்றி. அழகுத் துப்பாக்கியை விற்றுவிட்டேன். அதற்குப் பதிலாக, குப்பியில் இயங்கி ஒரு முறைக்கு ஒரு பெல்லட் ஏற்றும் கரியமில வாயு வகையையே மறுபடியும் வாங்கினேன். போட்டிக்குப் போகும் வயதும் எண்ணமும் எனக்கு இல்லை, வாரம் இருமுறை நாற்பது குண்டுகள் போதும், நிரப்பும் கருவிகளுக்குச் செலவிடவும் மனமில்லை. கடையில் இம்முறை வேகத்தைக் கேட்கவில்லை. விசையைத் திருகிச் சரிசெய்ய முடியுமா, பின்குறி இரு திசையிலும் நகருமா, பிடி என் கைக்கு அடங்குமா என்று மட்டும் கேட்டேன். சென்னை அம்மையார் சொன்ன கண்மூடிச் சோதனையையும் செய்தேன், கடைக்காரர் சிரித்தார்.

பெல்லட்டுக்காகத் தனியே ஒரு மாலை ஒதுக்க வேண்டியிருந்தது. தட்டைத் தலை பெல்லட் தாளில் வட்டமாக வெட்டிய துளை விடுவதால் புள்ளி எண்ணுவது எளிது என்பது பொதுவாகத் தெரிந்ததே. ஆனால் நான்கு டப்பாக்களைப் பையின் மேல் கையை ஊன்றிச் சுட்டுப் பார்த்தபோது, விலை கூடியது அன்று, இரண்டாவது மலிவானதே என் குழலில் மிக நெருக்கமாக விழுந்தது. நிலவறையில் இப்போது வெப்பமானி ஒன்று தொங்குகிறது. 18 பாகைக்குக் கீழே இறங்கினால் அன்று சுடுவதில்லை. துப்பாக்கி நீல நிறப் பெட்டிக்குள் பூட்டியே இருக்கிறது. அம்மா அதைத் தையல் இயந்திரத்தின் பெட்டி என்று நினைத்துக்கொண்டிருக்கிறார், நானும் திருத்தவில்லை.