ஒற்றைக்கண்ணன் நிற்க மாட்டேங்குறான், உதவி பண்ணுங்க

1963-ல வந்த 'ஜேசன் அண்ட் தி ஆர்கனாட்ஸ்' படத்துல ஏழு எலும்புக்கூடுங்க வாள் சுழற்றுமே, அந்தச் சண்டையை ஸ்டாப்-மோஷன் கலைஞர் ரே ஹாரிஹவுசன் பொம்மைங்களை ஃபிரேம் ஃபிரேமா நகர்த்தி எடுக்க நாலரை மாசம் ஆச்சு. அந்த ஆசையில நானும் ஒரு சாண் உயரத்துல ஒற்றைக்கண் அரக்கன் செஞ்சேன். உள்ளே அலுமினியக் கம்பி, மேலே களிமண். இருபது ஃபிரேம் தாண்டல, முழங்கைக் கம்பி பட்டுனு ஒடிஞ்சுடுது. ஒரு காலைத் தூக்கினா ஆளே குப்புற விழுறான்.

ஹாரிஹவுசன் பொம்மைங்களுக்குள்ள இருந்தது பந்துமூட்டு (குழிக்குள்ள பந்து சுழலுற மூட்டு) வச்ச உலோகச் சட்டம். அதைக் கடைஞ்சு கொடுத்தது அவங்கப்பா. (எங்கப்பாகிட்ட கேட்டேன், முறைச்சார்.)

சின்ன பந்துமூட்டை வீட்டிலேயே செய்ய வழி இருக்கா? பாதத்தைப் பலகைக்குக் கீழேயிருந்து திருகாணி போட்டு இறுக்குறவங்க, அடுத்த அடி வைக்கும்போது பழைய ஓட்டையை எப்படி மறைக்கிறீங்க? போட்டோ இருந்தா போடுங்க, புண்ணியமாப் போகும்.