புதுப்பிப்பு: கதவு சென்சர் மாத்தின பிறகு அலாரம் ஆயத்தமாகல்ல – சரிவந்துட்டு

போன கிழமை கேட்டிருந்தேன்: கல்லடி வீட்டு முன் கிறில் கதவுக்குப் புது காந்த சென்சர் போட்டதில இருந்து, கதவு பூட்டியிருந்தும் பேனல் (அலாரத்தின்ட கட்டுப்பாட்டுப் பெட்டி) அந்த சோனை, அதாவது அந்தக் கதவின்ட லைனை, திறந்ததாவே காட்டுது எண்டு. பதில் தந்த எல்லாருக்கும் நன்றி.

ரெசிஸ்டரைப் பாருங்க எண்ட அண்ணா சொன்னதுதான் சரி. பழைய சென்சரின்ட வயரில, கறுப்பு டேப்புக்குள்ள, பச்சை-நீலம்-சிவப்புக் கோடு போட்ட சின்ன ரெசிஸ்டர் இருந்திச்சி. 5.6 கிலோ ஓம். அது இல்லாட்டி கதவு பூட்டியிருக்கேக்க எங்கட பேனல் லைன் ஷோட் (வயர் ரெண்டும் நேரா முட்டிட்டு) எண்டு எடுத்துக்கொள்ளும், அதாலதான் திறந்ததாக் காட்டினது. மின்சாரத்தையும் பேனல் பேட்டரியையும் கழட்டிப்போட்டு, புது சென்சரோட அதைத் தொடரா இணைச்சன். பேனல் பக்கம் வயரைக் கழட்டி மீட்டர் வெச்சா, கதவு பூட்டினா 5.6, திறந்தா ஒண்டும் காட்டக்கூடாது. வயர் ரெண்டையும் மாத்திக் குடுத்தும் பார்த்தன். இந்தச் சென்சருக்குப் பிளஸ், மைனஸ் எண்டு பக்கம் கிடையாது, அதால மாற்றமில்ல.

எதிர்பாராதது ஒண்டு: மறுகா கடல்காத்து அடிக்கிற ராவுகளில சைரன் கத்தத் தொடங்கிட்டு. அம்மா சரியாப் பயந்துட்டா. காந்தத்தை நேரா இரும்பில பூட்டினா அதின்ட இழுவை குறையும், கதவு கொஞ்சம் ஆடினாலே விட்டுரும். காந்தத்துக்குக் கீழ தடிச்ச பிளாஸ்டிக் துண்டு வெச்சு, காந்தத்துக்கும் சென்சருக்கும் இடையில உள்ள இடைவெளியையும் குறைச்சன். இப்ப காத்துக்கும் அசையல்ல.

ரெசிஸ்டர் பெறுமதி பேனலுக்குப் பேனல் வேற. கையேட்டைப் பார்த்து வாங்குங்க.