தை, மாசி ரெண்டு மாசம், ரெண்டு பேர், 4 லட்சம்: எந்த நாடு?

தக்கலை_தம்பதி

2027 ஜனவரி 12-ஐ ஒட்டிக் கிளம்பி மார்ச் 12-க்குள் ஊர் திரும்பணும். கணவன், மனைவி ரெண்டு பேர். விமானம், விசா, இன்சூரன்ஸ் எல்லாம் உட்பட 4 லட்சம்தான், அதுக்கு மேல ஒரு பைசா கிடையாது. ஒருத்தர் சுத்த சைவம், மத்தவருக்கு மீன் இல்லாம சோறு இறங்காது. தனி அறையும் சுத்தமான கழிப்பறையும் இருந்தாப் போதும், நீச்சல் குளம் எல்லாம் வேண்டாம்.

இப்போ பட்டியல்ல இருக்கிறது: வியட்நாம், இலங்கை, தாய்லாந்து–கம்போடியா சுற்று, ஜார்ஜியா. நாலையும் பதினஞ்சு பதினஞ்சு நாளாப் பாத்துட்டு வரலாமான்னு ஒரு யோசனை. வியட்நாம்னா அங்க பைக் எடுத்து ஓட்டலாமா?

வடசேரி_சந்தை

நாலையும் பாக்கிற யோசனையை முதல்ல விடுங்க. ரெண்டு பேர் போகும்போது அறை வாடகை பாதியாப் பிரியும், சாப்பாடு எங்கே போனாலும் ஒரே கணக்குதான். பணம் கரையிறது இடம் மாறும்போது. ஒவ்வொரு எல்லைக்கும் ரெண்டு விசா, ரெண்டு டிக்கெட், விமான நிலையத்துக்கு டாக்சி, புது சிம், வந்து இறங்கின முதல் நாள் விலை தெரியாம கொடுக்கிற கூடுதல் காசு. மூணு தடவை நாடு மாறினா முக்கால் லட்சம் போயிடும்.

உங்க தேதிக்கு என் ஓட்டு வியட்நாம் மட்டும். 2023 ஆகஸ்ட் 15 முதல் அங்கே இ-விசா 90 நாளுக்குக் கிடைக்குது. ஒருமுறை நுழைய 25 டாலர், பலமுறை நுழைய 50. இடையில லாவோஸோ கம்போடியாவோ எட்டிப்பாக்கப் போறதில்லைன்னா 25 டாலர் விசாவே போதும். அரசுத் தளத்தோட முகவரி ‘டாட் கவ் டாட் விஎன்’னு முடியும். கூகுள்ல மேல வர்ற மத்ததெல்லாம் தரகர் கடை, ரெண்டு மூணு மடங்கு கேப்பான். மூணு வேலைநாள்னு போட்டிருந்தாலும் மூணு வாரம் முன்னாடியே போடுங்க. கட்டணம் திரும்ப வராது, அதனால பாஸ்போர்ட் எண்ணையும் தேதிகளையும் ஒருத்தர் வாசிக்க இன்னொருத்தர் சரிபாருங்க. நுழையும் இடம்னு கேக்கும்போது எந்த விமான நிலையத்துல இறங்குறீங்களோ அதையே தேர்ந்தெடுங்க.

இனி பருவம். நமக்கு ரெண்டு மழையும் பழக்கம், அதனால இது சட்டுனு பிடிபடும். வியட்நாம் நீளமான நாடு, ஒரே மாசத்துல மூணு பருவம் நடக்கும். ஜனவரியில தெற்கு காய்ஞ்சு கிடக்கும். நடுப்பகுதியான ஹோய் ஆன், ஹ்யூ பக்கம் ஐப்பசி, கார்த்திகையில வெள்ளம் போகும், பிப்ரவரிக்கு மேல தெளியும். வடக்கே ஹனோய் ஜனவரியில 10, 15 டிகிரி வரைக்கும் இறங்கும், அதோட அடிக்கடி தூறல், சாதாரண அறைகள்ல ஹீட்டர் இருக்காது. அதனால தெற்கே இறங்கி பையப் பைய வடக்கே ஏறணும். தலைகீழாப் போனா ரெண்டு பக்கமும் அடி.

வழி இப்படி: ஹோ சி மின் நகரம் 4 இரவு, மேகாங் கழிமுகத்துல கான் தோ 3, மலைமேல தா லாட் 5 (சுமார் 1500 மீட்டர் உயரம், ஸ்வெட்டர் வேணும்), கடற்கரை ஊர் ஒண்ணுல 4, அப்புறம் ஹோய் ஆன்.

இங்கே ஒரு கண்ணி இருக்கு. 2027-ல அவங்க புத்தாண்டான தெத் பிப்ரவரி 6. அதுக்கு முந்தின ரெண்டு வாரம் தெற்கே வேலை பாக்கிறவங்க எல்லாரும் வடக்கே சொந்த ஊருக்குக் கிளம்புவாங்க. நீங்க போற திசையும் அதுதான், ரயில்லயும் பஸ்லயும் இடமே இருக்காது. அதனால ஜனவரி 28-க்குள்ள ஹோய் ஆன் போய்ச் சேர்ந்து, பிப்ரவரி 11 வரை அங்கேயே கிடங்க. அந்த அறையை மட்டும் அக்டோபர்லயே பேசி வச்சிடுங்க. தெத் முடிஞ்சதும் கூட்டம் தெற்கே திரும்பும், நீங்க வடக்கே காலி ரயில்ல போகலாம்.

தா நாங்–ஹ்யூ ரயிலைப் பகல்ல பிடிங்க, ஹாய் வான் கணவாய்ல தண்டவாளம் கடலை ஒட்டியே போகும். வடக்கே போகும்போது வலது பக்க ஜன்னல். அப்புறம் ஃபோங் ஞா குகைகள், நின் பின், ஹனோய், கடைசியா ஹா ஜியாங் மலை. ஹனோய்–ஹோ சி மின் ரயில் பாதை மொத்தம் 1726 கிலோமீட்டர். நம்ம கன்னியாகுமரியில புறப்படுற விவேக் எக்ஸ்பிரஸைப் பாத்தவனுக்கு இதெல்லாம் ஒரு தூரமா?

கணக்கு: விமானம் ரெண்டு பேருக்கும் 50,000, விசாவும் இன்சூரன்ஸும் 12,000 முதல் 15,000 வரை ஒதுக்குங்க. மீதி சுமார் 3,35,000. 60 நாளுக்குப் பிரிச்சா நாளுக்கு 5,500. குடும்பமே நடத்துற சின்ன விடுதியில இருவர் அறை மூணு லட்சம் முதல் நாலு லட்சம் டோங் (வியட்நாம் பணம்). டோங்ல மூணு சைபரை அடிச்சிட்டு மூணரையால பெருக்குங்க, ரூபாய் வந்திடும்: 300 பெருக்கல் மூணரை, 1,050. சாப்பாடு, காபி 1,400. பயணம், நுழைவுச்சீட்டு எல்லாம் சராசரியா 1,300. நாளுக்கு நாலாயிரத்துச் சொச்சத்துல நிக்கும். மிச்சம் 80,000-ஐத் தொடாதீங்க, அது ஆஸ்பத்திரிக்கும் விமானத் தேதி மாத்தவும்.

அறையை ஆப்ல ரெண்டு இரவுக்கு மட்டும் போடுங்க. போய்ப் பாத்துப் பிடிச்சிருந்தா மிச்ச நாளுக்கு நேர்ல பேசுங்க. ஒரு வாரம்னு சொன்னாலே விலை இறங்கும்.

கொளச்சல்_காற்று

மத்ததை ஏன் விடணும்னும் சொல்லிடலாம்.

ஜார்ஜியா: ஜனவரியில பனி. இ-விசா கையில இருந்தும் இந்தியர்களை வாசல்லயே திருப்பி அனுப்புறதாப் புகார் வந்துட்டே இருக்கு. ரெண்டு மாசப் பணத்தை அந்தச் சூதாட்டத்துல வைக்காதீங்க.

தாய்லாந்து–கம்போடியா சுற்று: பாங்காக்ல பஸ் ஏறி சியாம் ரீப்ல இறங்குற பழைய வழியை நம்பாதீங்க. 2025-ல ரெண்டு நாட்டுக்கும் சண்டை வந்து தரை எல்லையை மூடினாங்க. கம்போடியா பாத்தே ஆகணும்னா ஹோ சி மின் நகரத்துல இருந்து மோக் பாய் எல்லை வழியா பஸ் இருக்கு, ப்னோம் பென்னுக்கு ஆறேழு மணி நேரம். அப்போ வியட்நாமுக்கு 50 டாலர் விசா வாங்கணும், மறந்துட்டா திரும்பி நுழைய முடியாது. தாய்லாந்து 2024 ஜூலையில நமக்கு 60 நாள் விசா விலக்கு அறிவிச்சது. அதைக் குறைக்கிற பேச்சும் அடிபட்டது, டிக்கெட் போடுற வாரம் தூதரகத் தளத்தைப் பாருங்க. பிப்ரவரி முதல் ஏப்ரல் வரை சியாங் மாய் பக்கம் வயல், காடு எரிக்கிற புகை, மூச்சு முட்டும்.

இலங்கை மோசம் இல்ல. திருவனந்தபுரத்துல ஏறினா கண் மூடித் திறக்கிறதுக்குள்ள கொழும்பு. தென்மேற்குக் கரைக்கு ஜனவரி நல்ல காலம், தமிழ் பேசியே பாதி ஊர் சுத்தலாம், பல கடைகள்ல யுபிஐ எடுக்கும். ஆனா சுற்றுலா அனுமதி முதல்ல 30 நாள்தான். சிகிரியா மாதிரி இடங்கள்ல வெளிநாட்டவர் கட்டணம் பையைக் கிழிக்கும் (நம்மளையும் சேர்த்து சார்க் கூட்டமைப்பு நாட்டவருக்குச் சலுகை உண்டு, பாஸ்போர்ட்டை நீட்டுங்க). 2025 நவம்பர் டிட்வா புயல்ல மலை ரயில் பாதை நல்லா அடி வாங்கிச்சு, எந்தப் பகுதி ஓடுதுன்னு பாத்துட்டு அறை போடுங்க. மூணு வாரத்துக்கு அருமையான நாடு, அறுபது நாளைக்கு இழுக்காது.

பழைய_பாஸ்போர்ட்

எந்த நாடுன்னு முடிவு பண்றதுக்கு முன்னாடி ரெண்டு பேர் பாஸ்போர்ட்டையும் எடுத்து மூணு விஷயம் பாருங்க.

முதல்ல காலாவதி. திரும்பி வர்ற தேதிக்கு அப்புறமும் ஆறு மாசம் இருக்கணும். வெத்துப் பக்கம் நாலாவது வேணும்.

ரெண்டாவது பேர். நம்ம பக்கத்துல பலருக்கு இனிஷியல்தான், குடும்பப்பேர்க் கட்டம் காலி. விமானத் தளம் குடும்பப்பேர் இல்லாம விடாது. சில நிறுவனம் ஒரே பேரை ரெண்டு கட்டத்துலயும் போடச் சொல்லும், சிலது வேற மாதிரி. எந்த விமானமோ அவங்க விதிப்பக்கத்தைப் படிச்சிட்டுப் போடுங்க, இனிஷியலை நீங்களா விரிச்சு எழுதிடாதீங்க. விசா விண்ணப்பத்துல மட்டும் பாஸ்போர்ட்டோட அடியில அம்புக்குறிகளோட வர்ற வரியில எப்படி இருக்கோ அப்படியே. ஒரு எழுத்து மாறினாலும் கவுண்டர்ல ஏத்த மாட்டாங்க. துபாய் வழியாப் போய் அங்கே வெளிய இறங்கலாம்னு நினைக்கிறவங்களுக்கு: ஒத்தைச் சொல் பேருக்கு 2022 நவம்பர் முதல் அங்கே கெடுபிடி.

மூணாவது இசிஆர், அதாவது சில நாடுகளுக்கு வேலைக்குப் போக முன் அனுமதி வேணும்ங்கிற குறிப்பு. பத்தாம் வகுப்புச் சான்று காட்டாம எடுத்த பாஸ்போர்ட்ல அந்த முத்திரை இருக்கும், கல்ஃப் குடும்பங்கள்ல இது சகஜம். இசிஆர் பட்டியல்ல 18 நாடு, அதுல தாய்லாந்து, மலேசியா, இந்தோனேசியா உண்டு. வியட்நாம், லாவோஸ், கம்போடியா இல்ல. சுற்றுலாவுக்கு அனுமதி வாங்கத் தேவையில்லைன்னாலும், திரும்பும் டிக்கெட்டும் தங்குமிட ஆதாரமும் இல்லாம தாய்லாந்து மாதிரி பட்டியல்ல இருக்கிற நாட்டுக்குப் போனா நம்ம இமிகிரேஷன்லயே நிறுத்திக் கேப்பாங்க. பத்தாவது சான்று இருந்தா இப்பவே மறு வெளியீட்டுக்குப் போட்டு மாத்திடுங்க. நம்ம மாவட்டம் மதுரை மண்டல அலுவலகத்துக்குக் கீழ வரும், திருநெல்வேலி சேவை மையத்துல நேரம் எடுத்தாப் போதும்.

தக்கலை_தம்பதி

ரெண்டு பாஸ்போர்ட்டும் பாத்தாச்சு, ஒண்ணுல குடும்பப்பேர் காலி. வியட்நாம்தான்னு முடிவு. பணத்தை எப்படிக் கொண்டு போறது? பைக், சைவச் சாப்பாடு ரெண்டுக்கும் பதில் வரலையே.

கணக்குப்பிள்ளை_629

பணம்: ஒரே வங்கியை நம்பாதீங்க. ரெண்டு பேர் பேர்லயும் வேற வேற வங்கி கார்டு, வேற வேற பையில. வெளிநாட்டுப் பயன்பாடு கார்டுல தானா அணைஞ்சுதான் இருக்கும், கிளம்புமுன்ன ஆப்ல போட்டு விடுங்க. சாதாரண கார்டுல மாற்றுக் கட்டணம் மூணரை சதவீதம் வரைக்கும், அதுமேல ஜிஎஸ்டி. இந்தக் கட்டணம் இல்லாத கார்டு ஒண்ணு எடுத்தா மூணு லட்சத்துல பத்தாயிரம் மிச்சம். ஏடிஎம் மிஷின் ‘ரூபாய்லயே கழிக்கட்டுமா’ன்னு கேக்கும். வேண்டாம்னு டோங்கையே அமுக்குங்க, ரூபாய்னு சொன்னா அவன் வச்சதுதான் விலை. ஒரு தடவைக்கு இருபது, முப்பது லட்சம் டோங்தான் பல மிஷின்ல வரும், ஒவ்வொரு தடவைக்கும் கட்டணம். அதனால அதிகம் தர்ற மிஷினாப் பாத்து ஒரே தடவையா எடுங்க.

கையில 500 டாலர் நோட்டா வச்சுக்குங்க, மடிப்போ பேனாக் கீறலோ இல்லாத நோட்டு. கிழிஞ்ச ஓரம் இருந்தா வாங்க மாட்டாங்க. அங்கே 20,000 டோங்கும் 5,00,000 டோங்கும் ரெண்டுமே நீல நோட்டு. இருட்டுல டாக்சிக்குக் கொடுக்கும்போது மாறிப்போச்சுன்னா 1,700 ரூபாய் காலி. பெரிய நீலத்தைத் தனிப் பர்ஸ்ல வைங்க.

டூர் பாக்கேஜா எடுத்தா முதல் ரூபாய்லயே டிசிஎஸ் (முன்கூட்டியே வசூலிக்கிற வரி) பிடிப்பாங்க. தனித்தனியா நீங்களே போட்டு, வெளிநாட்டுக்கு அனுப்புற பணம் வருஷத்துல 10 லட்சத்துக்குள்ள இருந்தா அது இல்ல. இந்திய சிம்மை அணைக்காதீங்க, வங்கி ஓடிபி அதுலதான் வரும். ரோமிங்ல குறுஞ்செய்தி வருதான்னு முன்னமே உறுதி பண்ணுங்க. டாக்சி கூப்பிடுற கிராப் ஆப்பை ஊர்லயே பதிஞ்சிட்டுப் போங்க.

குழித்துறை_ரயிலடி

பைக் வேண்டாம் மக்கா. நாகர்கோவில்லயோ மார்த்தாண்டத்துலயோ ஆர்டிஓ கொடுக்கிற சர்வதேச ஓட்டுநர் அனுமதி 1949 ஜெனீவா ஒப்பந்தப்படி உள்ளது. வியட்நாம் ஒத்துக்கிறது 1968 வியன்னா ஒப்பந்த அனுமதியை. வாடகைக் கடைக்காரன் கேக்காமலே சாவி கொடுப்பான், சிக்கல் அங்கே இல்ல. விழுந்து கால் முறிஞ்சா, செல்லுபடியான உரிமம் இல்லாம ஓட்டினேன்னு இன்சூரன்ஸ் கையை விரிச்சிடும். ஹா ஜியாங் மலையில உள்ளூர்க்காரர் ஓட்ட, ஆளுக்கொரு பைக்ல பின்னாடி உக்காந்து போங்க. ஹோய் ஆன்ல சைக்கிள் போதும், ஊர் தட்டை.

சைவம்: ‘சாய்’னு பலகை மாட்டின கடை எல்லா ஊர்லயும் உண்டு, டீ இல்ல, சைவம்னு அர்த்தம். மத்த கடைகள்ல ‘இறைச்சி வேண்டாம்’னு மட்டும் சொன்னா மீன் சாறு ஊத்தித்தான் தருவான், ‘சாய்’னே சொல்லுங்க. அவங்க சந்திர மாசத்து முதல் நாளும் பௌர்ணமியும் நிறைய பேர் சைவம், அன்னிக்குச் சாய் கடையில கூட்டம், சீக்கிரம் போங்க. மீன்காரருக்கு ஒண்ணும் சொல்ல வேண்டியதில்ல. தேங்காய் அரைச்ச குழம்பு கிடைக்கலைன்னு மட்டும் ஏங்குவார்.

விமானத்துக்கு: கொச்சியில இருந்து ஹோ சி மின் நகரத்துக்கு வியட்ஜெட் நேரா விட்டிருக்கு, உங்க தேதிக்கு ஓடுதான்னு பாருங்க. ஆலுவாவுலயோ அங்கமாலியிலயோ இறங்கினா நெடும்பாசேரி பக்கம். ரயில் தாமதத்துக்கு அஞ்சாறு மணி நேரம் விட்டு வைங்க. திருவனந்தபுரம்–கோலாலம்பூர் வழியாப் போனா ஒரே டிக்கெட்டா எடுங்க. தனித்தனி டிக்கெட்னா கோலாலம்பூர்ல பெட்டியை எடுக்க மலேசியாவுக்குள்ள நுழைஞ்சாகணும். அவங்க விசா விலக்கு அறிவிச்சது 2026 டிசம்பர் 31 வரைக்கும், நீட்டிச்சாத்தான் உங்க ஜனவரிக்கு உதவும். திரும்பும்போது ஹனோய்–ஹோ சி மின் உள்நாட்டு விமானத்துக்கும் கொச்சி விமானத்துக்கும் நடுவுல ஒரு ராத்திரி விடுங்க.

கைப்பை 7 கிலோதான், கவுண்டர்ல தராசு வைப்பாங்க. ரெண்டு பேருக்கும் சேர்த்து 20 கிலோ பெட்டி ஒண்ணு டிக்கெட் போடும்போதே ஆன்லைன்ல வாங்கிடுங்க, விமான நிலையத்துல விலை வேற. மார்ச்ல ஹனோய்ல சுவரே வியர்க்கும், துணி காயாது, அதனால ஜீன்ஸ் ஒண்ணுக்கு மேல எடுக்காதீங்க.

தக்கலை_தம்பதி

ஹோய் ஆன் அறைக்கு இன்னிக்கே மூணு விடுதிக்கு எழுதியாச்சு. குடும்பப்பேர்க் கட்டம் காலியா இருக்கிற பாஸ்போர்ட்டை மறு வெளியீட்டுக்குப் போட்டு, அது கைக்கு வந்த பிறகுதான் டிக்கெட்.