சிட்னியிலிருந்து மெல்பர்னுக்கு ஒருவழி கேம்பர்வேன் பயணம்: வயதான பெற்றோருடன் ஏழு நாள் போதுமா?

வென்ட்வொர்த்வில் மதுரைக்காரன் எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். மதுரையிலிருந்து வந்து எங்களுடன் தங்கியிருக்கும் என் பெற்றோர் அக்டோபர் கடைசி வாரத்தில் ஊர் திரும்புகிறார்கள். தம்பி மெல்பர்னில் காரம் டவுன்ஸ் பகுதியில் இருப்பதால், சில நாள் அவன் வீட்டில் தங்கிவிட்டு அங்கிருந்தே விமானம் ஏறுவதாக ஏற்பாடு. அதுவரை அவர்களைப் படுக்கையும் அடுப்பும் உள்ளேயே அமைந்த கேம்பர்வேனில் அழைத்துச் சென்று, வண்டியை மெல்பர்னிலேயே ஒப்படைத்துவிட்டு, நானும் மனைவியும் மகனும் விமானத்தில் சிட்னி திரும்பலாம் என்று நினைக்கிறோம். மொத்தம் ஐந்து பேர். மகனுக்கு ஐந்து வயது. அப்பாவுக்கு முழங்கால் வலி உண்டு, இரவில் இரண்டு மூன்று முறை எழுந்திருப்பார். கையில் ஏழு நாள், ஆறு இரவு இருக்கின்றன.

ஹியூம் நெடுஞ்சாலையில் போவதா, கடற்கரையை ஒட்டிய பிரின்சஸ் நெடுஞ்சாலையில் போவதா என்பது முதல் கேள்வி. நாளொன்றுக்கு ஒரு டாலர் வாடகை என்று வரும் விளம்பரங்களை நம்பலாமா என்பது இரண்டாவது. அம்மா வெளிச்சாப்பாடு அதிகம் சாப்பிட மாட்டார் என்பதால், வண்டிக்குள் நம் சமையல் எந்த அளவுக்குச் சாத்தியம் என்பதையும் அனுபவப்பட்டவர்கள் சொல்ல வேண்டுகிறேன்.

கடலோரப் பயணி எழுதியது:

நான் இந்தப் பாதையில் மூன்று முறை போயிருக்கிறேன். அதில் இரண்டு முறை கேம்பர்வேனில். ஹியூம் வழி சுமார் 880 கிலோமீட்டர். முழுவதும் இருபுறமும் பிரிக்கப்பட்ட அகலச் சாலை என்பதால் ஒரே நாளில்கூட ஓட்டி முடித்துவிடலாம். அதனாலேயே கேம்பர்வேன் எடுத்துக்கொண்டு அதில் போவது பணத்துக்குக் கேடு என்பேன். கடற்கரை வழி சுமார் 1,040 கிலோமீட்டர். பக்கத்து ஊர்களுக்குள் புகுந்து வருவதையும் சேர்த்தால் 1,200 ஆகிவிடும். ஏழு நாளுக்கு அது அளவான தூரம்.

முதல் நாளை நம்பாதீர்கள். வண்டியைக் கையெழுத்திட்டு வாங்கி, எரிவாயு அடுப்பும் தண்ணீர்த் தொட்டியும் கழிப்பறையும் எப்படி இயங்குகின்றன என்று கற்றுக்கொண்டு, மளிகைச் சாமான்களை அடுக்கிக் கிளம்பும்போது பிற்பகல் ஆகிவிடும். அன்று ஹெலன்ஸ்பர்க் வெங்கடேசுவரர் கோயிலில் கும்பிட்டுவிட்டு, 2005இல் திறக்கப்பட்ட, பாறைச் சரிவை விட்டு விலகிக் கடலின் மேலேயே வளைந்து செல்லும் 665 மீட்டர் நீள சீ கிளிஃப் பாலத்தின் வழியாகக் கயாமாவில் போய்த் தங்குங்கள். வார இறுதி என்றால் கோயில் உணவகத்தில் தோசை கிடைக்கும். அம்மாவுக்கு முதல் நாள் கவலை தீர்ந்தது. மறுநாள் ஜெர்விஸ் விரிகுடாவின் வெள்ளை மணலைப் பார்த்துவிட்டு பேட்மன்ஸ் பே; மூன்றாம் நாள் நரூமா வழியாக ஈடன். ஈடனில் ஒரு காலைப் பொழுதையாவது ஒதுக்குங்கள். தெற்கே திரும்பும் கூனல் திமிங்கிலங்கள் குட்டிகளோடு டூஃபோல்ட் விரிகுடாவுக்குள் வரும் பருவம் அது. அங்குள்ள அருங்காட்சியகத்தில், அந்தக் காலத்துத் திமிங்கில வேட்டைக்காரர்களுக்குத் துணையாகப் பிற திமிங்கிலங்களைக் கரைப்பக்கம் விரட்டி வந்த 'ஓல்ட் டாம்' என்ற ஓர்க்காவின் (கொலையாளித் திமிங்கிலம்) முழு எலும்புக்கூடு இருக்கிறது. அது 1930இல் இறந்தது. என் மகள் அதன் தேய்ந்த பற்களை எண்ணிக்கொண்டு அரைமணி நேரம் நகரவேயில்லை.

நான்காம் நாள் ஈடனிலிருந்து லேக்ஸ் என்ட்ரன்ஸ் வரை சுமார் 240 கிலோமீட்டர், பெரும்பகுதி அடர்ந்த காடு. நடுவில் கைபேசி இணைப்பு பல இடங்களில் கிடைக்காது என்பதால் வரைபடத்தை முன்கூட்டியே இறக்கி வைத்துக்கொள்ளுங்கள். பொழுது சாயும் நேரத்தில் அந்தச் சாலையில் இருக்கவே கூடாது. கங்காருவாவது துள்ளி வருவது கண்ணில் படும், வாம்பட் என்ற பருத்த குட்டைக்கால் விலங்கு சாலை நடுவே கிடக்கும் பாறை மாதிரிதான் தெரியும். லேக்ஸ் என்ட்ரன்ஸில் இரண்டு இரவு தங்குங்கள். பக்கத்தில் பெயின்ஸ்வில்லிலிருந்து ரேமண்ட் தீவுக்குப் படகில் சில நிமிடங்களில் போய்விடலாம், நடந்து ஏறுபவர்களுக்குக் கட்டணம் இல்லை. இறங்கிக் கொஞ்ச தூரம் நடந்தாலே வீட்டு வாசல் மரங்களில் கோவாலாக்கள் தூங்கிக்கொண்டிருக்கும். முழங்கால் வலியுள்ளவருக்கு இதைவிட எளிதாகக் கோவாலாவைக் காட்டும் இடம் எனக்குத் தெரியவில்லை.

பிலிப் தீவின் பென்குயின்களை இந்தப் பயணத்தில் சேர்க்காதீர்கள். அவை இருட்டிய பிறகே கரையேறும். பெரிய வண்டியை அந்த நேரத்தில் ஓட்டி வருவதைவிட, பிறகு தம்பியின் காரில் போய் வருவது நல்லது.

ஜீலாங் மாமி எழுதியது:

பாதையைப் பற்றி மேலே எழுதியவர் சொன்னதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. ஆனால் உங்கள் குடும்பத்துக்கு முதலில் தீர்க்க வேண்டியது வண்டியின் அளவு. எத்தனை பேர் படுக்கலாம் என்ற எண்ணும், ஓடும்போது எத்தனை பேர் இருக்கைப்பட்டை போட்டு உட்காரலாம் என்ற எண்ணும் எப்போதும் ஒன்றல்ல. ஓடும் வண்டியில் பின்படுக்கையில் அப்பா காலை நீட்டிப் படுத்து வரலாம் என்று நினைத்திருந்தால் அதைச் சட்டம் அனுமதிக்காது. ஏழு வயது நிரம்பாத குழந்தைக்கு உரிய இருக்கை கட்டாயம். அதன் மேல்பட்டையை மாட்டும் கொக்கி எல்லா இருக்கைகளுக்குப் பின்னாலும் இருக்காது, சில வண்டிகளில் எங்குமே இருக்காது. எந்த இருக்கையில் அது உண்டு என்பதை எழுத்துமூலம் கேட்டு வாங்கிக்கொண்ட பிறகே முன்பணம் கட்டுங்கள்.

உங்களுக்கு ஆறு பேர் படுக்கும் வண்டிதான் சரிப்படும். பெரும்பாலானவை நாலரை டன்னுக்குள் இருப்பதால் சாதாரண கார் உரிமமே போதும். ஓட்டுநர் தலைக்கு மேல் இருக்கும் படுக்கைக்கு ஏணி ஏற வேண்டும். அது உங்களுக்கும் மகனுக்கும். பின்பக்கத்து இருக்கைகளை விரித்தால் வரும் படுக்கையைப் பெற்றோருக்குக் கொடுங்கள், கழிப்பறையும் அங்கிருந்து இரண்டடிதான். இரவில் எழுந்திருப்பவர் இருக்கும்போது கழிப்பறை இல்லாத சிறிய வண்டியை, எவ்வளவு மலிவாகக் கிடைத்தாலும், எடுக்காதீர்கள். கழிப்பறையின் கழிவுப் பெட்டியை ஒரு நாள் விட்டு ஒரு நாள், இத்தகைய வண்டிகள் இரவு தங்கும் கேரவன் பூங்காவின் கழிவிறக்கும் இடத்தில் காலி செய்ய வேண்டும். அந்த வேலை யாருடையது என்று கிளம்பும் முன்பே கணவன் மனைவி பேசி முடிவு செய்துகொள்வது குடும்ப அமைதிக்கு நல்லது.

காப்பீட்டைப் பற்றி ஒரு சொந்த அனுபவம். 'எல்லாம் அடங்கியது' என்று சொல்லப்பட்ட திட்டத்துக்குக் கூடுதல் பணம் கட்டித்தான் நாங்கள் வண்டி எடுத்தோம். ஒரு சிற்றூரில் பேக்கரி வாசலில் ஓரமாக நிறுத்தும்போது, தாழ்ந்திருந்த மரக்கிளை கூரையின் முனையை உரசிவிட்டது. உள்ளங்கை நீளக் கீறல். கூரைக்கும் வண்டியின் அடிப்பகுதிக்கும் காப்பு இல்லை என்ற வரி ஒப்பந்தத்தின் ஒன்பதாம் பக்கத்தில் இருந்தது, வைப்புத்தொகையில் பெரும்பகுதி போனது. நிறுவனத்தின் பெயர் வேண்டாம், பல நிறுவனங்களிலும் இதே விதிதான். வண்டி மூன்று மீட்டருக்கு மேல் உயரம் என்பதை ஒரு துண்டுத் தாளில் எழுதிக் கண்ணாடியில் ஒட்டிக்கொள்ளுங்கள். தென் மெல்பர்னின் மாண்டேகு தெரு ரயில் பாலம் சரியாக மூன்று மீட்டர். அதில் முட்டி நின்ற வண்டிகளின் படம் அடிக்கடி செய்தியில் வருவதைப் பார்த்திருப்பீர்கள்.

டாண்டினாங் குமாஸ்தா எழுதியது:

வாடகைக் கணக்கை மட்டும் நான் சொல்கிறேன். ஒருவழிப் பயணத்தில் வண்டியைத் திரும்பக் கொண்டுவரும் செலவு நிறுவனத்தின் தலையில் விழுவதால், அதை ஒருவழிக் கட்டணம் என்ற பெயரில் உங்களிடம் வாங்குகிறார்கள். எந்த ஊரில் வண்டிகள் தேங்கி, எந்த ஊரில் தட்டுப்பாடு இருக்கிறதோ, அந்தத் திசைக்கு அதே கட்டணம் சில வாரங்களில் தள்ளுபடியாகிவிடும். ஒரு டாலர் விளம்பரமும் அதன் உச்சக்கட்டம்தான், மோசடி இல்லை. ஆனால் தேதியை அவர்கள் சொல்வார்கள், நாள்களும் அவர்கள் தருவதுதான். சிட்னி மெல்பர்னுக்கு இரண்டு மூன்று நாளுக்கு மேல் கிடைப்பது அரிது, கூடுதல் நாளுக்கு முழு வாடகை. விமானச் சீட்டு எடுத்துவிட்ட பெற்றோரை வைத்துக்கொண்டு அதற்காகக் காத்திருக்க முடியாது. பள்ளி விடுமுறையும் தொழிலாளர் தின நீள்வார இறுதியும் முடிந்து, அக்டோபர் மூன்றாம் வாரத்தில் கிளம்பினால், வாடகையும் கேரவன் பூங்கா கட்டணமும் இயல்பாகவே இறங்கியிருக்கும்.

டீசல் 150 முதல் 180 லிட்டர் வரை பிடிக்கும் என்று வைத்துக்கொள்ளுங்கள். மெல்பர்னில் ஈஸ்ட்லிங்க், சிட்டிலிங்க் இரண்டும் கட்டணச் சாலைகள், பணம் வாங்கும் சாவடி எதுவும் கிடையாது. நீங்களே பாஸ் எடுக்காவிட்டால் நிறுவனம் கட்டிவிட்டு, ஒவ்வொரு முறைக்கும் தன் நிர்வாகச் செலவையும் சேர்த்து வசூலிக்கும். ஒப்படைக்கும் இடம் பெரும்பாலும் விமான நிலையத்துப் பக்கம், மாலையில் சீக்கிரமே மூடிவிடுவார்கள். எனவே ஆறாம் நாளே காரம் டவுன்ஸ் சிவா விஷ்ணு கோயிலுக்குப் போய்விட்டு, பெற்றோரையும் பெட்டிகளையும் தம்பி வீட்டில் இறக்கிவிட்டு, ஏழாம் நாள் காலையில் வெறும் வண்டியை ஓட்டிச் செல்லுங்கள்.

வென்ட்வொர்த்வில் மதுரைக்காரன் எழுதியது:

மூவருக்கும் மனமார்ந்த நன்றி. கடற்கரை வழி என்றும், ஆறு பேர் வண்டி என்றும் முடிவு செய்துவிட்டோம். குழந்தை இருக்கைக் கொக்கியைப் பற்றி இரண்டு நிறுவனங்களுக்கு எழுதினேன்; ஒன்று மட்டுமே தெளிவாகப் பதில் தந்தது, அதையே எடுக்கப்போகிறேன். சமையலைப் பற்றி மட்டும் யாரும் எழுதவில்லை. அம்மா மிக்சியையும் தோசைமாவையும் எடுத்துவைக்கத் தொடங்கிவிட்டார்.

ஜீலாங் மாமி எழுதியது:

மிக்சி, மைக்ரோவேவ் எல்லாம் மின்னிணைப்புள்ள இடத்தில் வண்டியின் கம்பியைச் செருகியிருக்கும்போது மட்டுமே ஓடும். பேட்டரியில் விளக்கும் குளிர்பெட்டியும்தான். எனவே மின்னிணைப்புள்ள இடமாகவே பதிவு செய்யுங்கள். உள்ளே கடுகு தாளித்தால் புகை எச்சரிக்கைக் கருவி அலறும், ஆகவே தாளிப்பதைப் பூங்காவின் பொதுச் சமையலறையில் வைத்துக்கொள்ளுங்கள். கடற்கரைப் பூங்காக்களில் இருக்கும் இலவச மின்சாரத் தட்டுகளில் எல்லாரும் இறைச்சி சுடுவார்கள், அம்மாவுக்குத் தனித் தோசைக்கல் எடுத்துச் செல்வதே சரி. மாவை மட்டும் பாதி டப்பாவுக்கு மேல் ஊற்றாதீர்கள். நரூமா தாண்டிய வளைவுகளில் எங்கள் மாவு பொங்கி மூடியைத் தள்ளிக்கொண்டு வந்து, குளிர்பெட்டிக் கதவின் ரப்பர் மடிப்புக்குள் புகுந்துவிட்டது. ஒப்படைக்கும் நாளன்று அதைப் பல்துலக்கும் பிரஷ்ஷால் சுரண்டிக்கொண்டிருந்தேன்.