அவசரம்: 'நோ லெஸ் தேன் 28 டேஸ்' என்றால் 28-க்கு உள்ளேயா, வெளியேயா?

புதுவரவு:
எல்லோருக்கும் வணக்கம். இங்கே வந்து நான்கு மாதம் ஆகிறது. ஒப்பந்தத்தில் 'நோ லெஸ் தேன் 28 டேஸ்' என்று ஒரு வரி இருக்கிறது. 'லெஸ் தேன்' என்று தெளிவாகத்தானே போட்டிருக்கிறது, 28 நாளுக்குக் குறைவாக இருந்தால் போதும், அடுத்த வாரம் பார்த்துக்கொள்ளலாம் என்கிறார் என் கணவர். எனக்கு அந்த 'நோ' உறுத்துகிறது. இரண்டு நாளாக வீட்டில் இதே சண்டை. தவறினால் பணம் போய்விடும். ஆங்கிலத்தில் படித்தவள்தான், ஆனால் இங்கே வந்தபிறகு படித்ததெல்லாம் கழன்றுவிட்ட மாதிரி இருக்கிறது. தயவுசெய்து யாராவது உடனே சொல்லுங்கள்.

பனிமூட்டம்:
என்ன ஒப்பந்தம் என்று சொல்லவே இல்லையே. வேலையா? வேலை என்றால் அடுத்தது கையில் வராமல் விட்டுவிடாதீர்கள். நான் முதல் வேலையை ஆறாவது வாரம் விட்டுவிட்டுப் பட்ட பாடு கொஞ்சமில்லை. ஒரே அறையில் ஐந்து பேர், ஐந்து பேருக்கும் ஒரே சாவி. ராத்திரி பிந்தி வருகிறவனுக்கு எழுந்து கதவு திறக்க முறை போட்டிருந்தோம். என் முறை செவ்வாயும் வெள்ளியும். இன்றைக்கும் செவ்வாய் ராத்திரி எனக்குச் சரியாகத் தூக்கம் வராது.

இலக்கணப்பித்தன்:
முதலில் அந்த வரியே தவறு. நாள் என்பது எண்ணக்கூடியது. எண்ணக்கூடியதற்கு 'ஃபியூவர்'தான் வர வேண்டும், 'லெஸ்' வராது. 'நோ ஃபியூவர் தேன் 28 டேஸ்' என்று திருத்தித் தரும்படி கேளுங்கள்.

சாம்பல்குருவி:
உங்கள் கணவர் சொல்வதுதான் சரி தோழி. எனக்கும் இதே வரியோடு கடிதம் வந்தது. சொன்ன நாளுக்குள் கட்டினேன், ஒரு பிரச்சினையும் வரவில்லை.

மூன்றாம்மாடி:
இலக்கணப்பித்தன் அண்ணா, காலம், பணம், தூரம் இதையெல்லாம் மொத்த அளவாக எடுத்துக்கொண்டு 'லெஸ் தேன்' என்று சொல்வதுதான் வழக்கம். அதில் தவறில்லை. அவர் பயந்துபோய்க் கேட்கிறார், நீங்கள் திருத்தம் கேட்கச் சொல்கிறீர்கள்.

புதுவரவு, உங்களை உறுத்தியது சரியான இடத்தில்தான் உறுத்தியிருக்கிறது. தமிழில் இதற்கு அச்சடித்தாற்போல ஒரு சொல் இருக்கிறது: 'குறையாமல்'. விண்ணப்பப் படிவங்களில் '18 வயதுக்குக் குறையாமல்', 'இரண்டு பக்கங்களுக்கு மிகாமல்' என்று படித்திருப்பீர்களே, அதேதான். 'லெஸ்' என்பது குறை, 'நோ' என்பது ஆமல். நாம் மறுப்பைக் கடைசியில் ஒட்டுவோம், ஆங்கிலம் அதை முன்னால் கொண்டுவந்து வைத்துவிடுகிறது. வேகமாகப் படித்தால் 'நோ'வைத் தாண்டிப் போய் 'லெஸ்'ஸில் கண் நிற்கும். உங்கள் கணவருக்கு நடந்தது அதுதான்.

28 நாள் என்றால் 28-ம் சேர்த்தி, 29-ம் சரி, 40-ம் சரி. 27 கூடாது. வெறும் 'மோர் தேன் 28' என்று இருந்தால் 28 போதாது, 29 வேண்டும். இந்த ஒரு நாள் வித்தியாசத்தில்தான் பலர் மாட்டிக்கொள்கிறார்கள்.

சாம்பல்குருவி, உங்களுக்கு வந்த கடிதத்தில் இருந்தது 'லெஸ் தேன்'தானா? பணம் கட்டும் கடிதத்தில் 'நோ லேட்டர் தேன்', அதாவது இந்த நாளுக்குப் பிந்தாமல், என்றுதான் போடுவார்கள்.

சாம்பல்குருவி:
எடுத்துப் பார்த்தேன். 'லேட்டர் தேன்'தான். சொன்னதை வாபஸ் வாங்கிக்கொள்கிறேன்.

ஜன்னலோரம்:
தேன் தேன் என்று எழுதுகிறீர்கள், இந்தத் தேன் யாருக்கும் இனித்த மாதிரி தெரியவில்லை. வேலைக்குச் சேர்ந்த முதல் மாதம் கூட்டத்தில் பயந்து பயந்து ஒரு யோசனை சொன்னேன். மேலாளர் 'ஐ குடன்ட் அக்ரீ மோர்' என்றார். 'இனிமேல் ஒத்துக்கொள்ள முடியாது' என்று எடுத்துக்கொண்டு, முகம் சுருங்கி, மீதிக் கூட்டம் முழுக்க வாயே திறக்கவில்லை. மூன்று நாள் கழித்து அந்த யோசனையை நானே நடத்த வேண்டும் என்று மெயில் வந்தது. இதற்குமேல் ஒத்துப்போக இடமே இல்லை, அவ்வளவு ஒத்துப்போகிறேன் என்று அர்த்தமாம். அதை நேராகச் சொன்னால் என்ன?

கடைசிப்பேருந்து:
என் கதை இதற்கு நேர்மாறு. முதல் வீட்டில் குளியலறைக் குழாய் ஒழுகுகிறது என்று நான்காவது முறையாக எழுதினேன். வீட்டுக்காரர் 'யூ ஆர் மோர் தேன் வெல்கம் டு லுக் எல்ஸ்வேர்' என்று பதில் போட்டார். 'மோர் தேன் வெல்கம்' என்பதைப் பார்த்து எவ்வளவு மரியாதையான மனிதர் என்று மனைவியிடம் பெருமையாகப் படித்துக் காட்டினேன். தாராளமாக வேறு வீடு பார்த்துக்கொள் என்று சொல்லியிருக்கிறார் மனுஷன்.

பனிமூட்டம்:
இவர்கள் வேண்டுமென்றேதான் இப்படி எழுதுகிறார்கள். 'அட் லீஸ்ட் 28 டேஸ்' என்று எழுதினால் கை தேய்ந்துவிடுமா?

இலக்கணப்பித்தன்:
'அட் லீஸ்ட்' என்பதும் 'நோ லெஸ் தேன்' என்பதும் எப்போதும் ஒன்றல்ல. பேச்சில் 'நோ லெஸ் தேன் சிக்ஸ் பீப்பிள் கேம்' என்றால் அடேயப்பா, ஆறு பேர் வந்தார்கள் என்ற வியப்பு அதில் இருக்கும். 'நோ மோர் தேன் சிக்ஸ்' என்றால் வெறும் ஆறு பேர்தான் என்ற அலட்சியம். ஒப்பந்தத்தில் வியப்புக்கு இடமில்லை, அங்கே அது எல்லைக்கோடு மட்டும்தான். 'பிரிஃபர்' என்ற சொல்லுக்குப் பின்னால் 'தேன்' போடுகிறவர்களைப் பற்றி நாளைக்கு எழுதுகிறேன்.

புதுவரவு:
மன்னியுங்கள், பதற்றத்தில் பாதியை விட்டுவிட்டேன். வீட்டு ஒப்பந்தம்தான். இந்த மாதம் 30-ஆம் தேதி காலி செய்கிறோம். காலி செய்யும் நாளுக்கு 'நோ லெஸ் தேன் 28 டேஸ்' முன்னால் எழுத்தில் அறிவிப்பு கொடுக்க வேண்டுமாம். இன்றைக்குத் தேதி 1. நாளைக் காலை கொடுத்தால் சரிதானே? இன்னொரு வரியும் இருக்கிறது. முன்பணம் 'நோ சூனர் தேன் 14 டேஸ்' திரும்ப வருமாம். அதாவது 14 நாளில் வந்துவிடும், இல்லையா?

மூன்றாம்மாடி:
நாளைக்கு வேண்டாம், இன்று ராத்திரியே கொடுங்கள். 30-லிருந்து 28 நாள் பின்னால் போனால் 2-ஆம் தேதி வருகிறது, உண்மைதான். ஆனால் பல இடங்களில் அறிவிப்பு கொடுக்கும் நாளையும் காலி செய்யும் நாளையும் கணக்கில் சேர்க்க மாட்டார்கள். இடையில் உள்ள முழு நாட்களை மட்டும் எண்ணுவார்கள். 2-ஆம் தேதி கொடுத்தால் 3 முதல் 29 வரை 27 நாள்தான். இன்றே கொடுத்தால் 2 முதல் 29 வரை சரியாக 28. உங்கள் இடத்தில் எந்தக் கணக்கு என்று இந்த ராத்திரியில் யாரையும் கேட்டுக்கொண்டிருக்க முடியாது. இன்று கொடுத்துவிட்டால் இரண்டு கணக்குக்கும் சரியாக இருக்கும்.

மின்னஞ்சலில் அறிவிப்பு செல்லுமா என்று ஒப்பந்தத்தில் பாருங்கள். தபால்தான் என்றால், தபாலில் போட்ட நாளா, போய்ச் சேர்ந்த நாளா, எது கணக்கு என்றும் அதிலேயே இருக்கும். சேர்ந்த நாள்தான் கணக்கு என்றால் காலி செய்யும் தேதியை இரண்டு மூன்று நாள் தள்ளிப் போட்டு எழுதிவிடுங்கள். அந்த நாட்களின் வாடகை போகும், அவ்வளவுதான். வந்து நான்கு மாதம்தான் ஆகிறது என்றீர்கள், இடையில் காலி செய்ய முடியாத குறைந்தபட்சக் காலம் ஏதாவது உண்டா?

முன்பணம் 14 நாளில் வந்துவிடும் என்று அர்த்தமில்லை. 'நோ சூனர் தேன்' என்றால் அதற்கு முன்னால் வராது என்பது மட்டும்தான். 15-ஆம் நாளும் வரலாம், 50-ஆம் நாளும் வரலாம். இத்தனை நாளுக்குள் தந்துவிடுவோம் என்றால் 'நோ லேட்டர் தேன்' என்று இருக்க வேண்டும். அப்படி ஒரு வரி வேறெங்காவது இருக்கிறதா தேடுங்கள். இல்லாவிட்டால் எந்தத் தேதிக்குள் தருவீர்கள் என்று இதே மின்னஞ்சலில் கேட்டுவிடுங்கள்.

கடைசிப்பேருந்து:
ஒழுகும் குழாய் ஏதாவது இருந்தால் இப்போதே படம் எடுத்து வையுங்கள் அக்கா.

புதுவரவு:
குறைந்தபட்சம் மூன்று மாதம் என்று இருந்தது, அது முடிந்துவிட்டது. மின்னஞ்சல் செல்லும் என்று போட்டிருக்கிறது. இரவு 10:52-க்கு அனுப்பிவிட்டேன். எல்லோருக்கும் நன்றி. 'நோ லேட்டர் தேன்' ஒன்று கிடைத்தது, ஆனால் அது சாவியை நாங்கள் திருப்பிக் கொடுக்க வேண்டிய நேரத்துக்கு. 30-ஆம் தேதி நண்பகல் 12 மணி. பணத்துக்கு அப்படி எதுவும் இல்லை, கேட்டு எழுதியிருக்கிறேன். கணவர் இப்போது மூன்றாம்மாடி சொன்ன 27 நாள் கணக்கைக் காலண்டரில் விரல் வைத்து எண்ணிக்கொண்டிருக்கிறார். இரண்டாவது தடவை.