100 வோல்ட் ஜப்பான் ஆம்ப், ஃபோம் உதிர்ந்த 10 அங்குல ஸ்பீக்கர்: எதை முதலில் தொடுவது?

கேட்பவர்: கீழ்க்கட்டளை_காது

வணக்கம். 1970களின் கடைசியில் வந்த ஜப்பான் இன்டகிரேட்டட் ஆம்ப் (ப்ரீ ஆம்பும் பவர் ஆம்பும் ஒரே பெட்டியில்) ஒன்று, சேனலுக்கு 40 வாட்ஸ். பின்தகட்டில் "100 வோல்ட், 50/60 ஹெர்ட்ஸ், 150 வாட்ஸ்" என்று இருக்கிறது. வோல்டேஜ் மாற்றும் சுவிட்ச் இல்லை. கூடவே ஒரு ஜோடி அமெரிக்க ஸ்பீக்கர்: 10 அங்குல பேப்பர் கோன் வூஃபர் (பேஸ் பாடுவது), பின்னால் ஓட்டை எதுவும் இல்லாத மூடிய பெட்டி, 8 ஓம்ஸ். பிராண்ட் பெயரை வேண்டுமென்றேதான் விட்டிருக்கிறேன். சொன்னால் திரி முழுக்க "அது டப்பா, இது தங்கம்" என்று போய்விடும்.

நிலவரம்:

1. வலது சேனல் குறைந்த சத்தத்தில் காணாமல் போகிறது. வால்யூமை ஒரு முறை ஏற்றி இறக்கினால் திரும்பி வருகிறது.
2. வால்யூம், பேஸ், ட்ரெபிள் மூன்றையும் திருப்பும்போது கரகரப்பு.
3. வூஃபர் இரண்டிலும் விளிம்பு ஃபோம் தொட்டாலே கறுப்புப் பிசினாக விரலில் ஒட்டுகிறது. ட்வீட்டர்கள் (ட்ரெபிள் பாடுபவை) பாடுகின்றன.

ஆம்பில் எல்லா கெபாசிட்டரையும் மாற்றிவிடலாமா? வூஃபருக்கு ஃபோமா, ரப்பரா? உள்ளூரில் சுற்றிய 230/110 ஸ்டெப் டவுன் (வோல்டேஜ் இறக்கும் டிரான்ஸ்ஃபார்மர்) போதுமா? மல்டிமீட்டர் இருக்கிறது, சால்டரிங் சுமாராக வரும்.

---

சீரீஸ்_பல்பு

உங்கள் ஸ்டெப் டவுன் கேள்விதான் முதலில் தீர வேண்டியது. 230/110 என்று விற்கும் டிரான்ஸ்ஃபார்மரில் லோடு இல்லாதபோது 112, 115 வரும். ராத்திரி லைனில் 245 ஓடினால் அதுவே 117க்கும் மேல் போய்விடும். 100 வோல்ட் செட்டுக்கு இது 17 சதவீதம் அதிகம். உள்ளே ±38 வோல்ட் இருக்க வேண்டிய இடத்தில் ±44 நிற்கும். ஃபில்டர் கெபாசிட்டர் (டிசியைச் சமன்படுத்துவது) 50 வோல்ட் என்றால் மூச்சு முட்டும், ஹீட்சிங்க் சுடும், ஆனாலும் செட் பாடிக்கொண்டேதான் இருக்கும். அதனால் யாரும் கவனிப்பதில்லை. சுற்றித் தருபவரிடம் 240க்கு 100 டேப்பிங் கேளுங்கள், 300 விஏ போதும், 500 இருந்தால் நிம்மதி. வாங்கியதும் வெளியே வரும் வோல்டேஜை மீட்டரில் பார்த்துவிட்டுத்தான் ஆம்பைச் செருக வேண்டும்.

தகட்டில் 50/60 என்று இருப்பது உங்கள் அதிர்ஷ்டம். ஜப்பானின் கிழக்குப் பாதியில் 50, மேற்கில் 60 ஹெர்ட்ஸ், அதனால் இரண்டுக்கும் தாங்கும்படி செய்திருப்பார்கள். "120 வோல்ட், 60 ஹெர்ட்ஸ்" என்று மட்டும் போட்ட அமெரிக்க செட் வைத்திருப்பவர்கள் கவனிக்கவும்: 50 ஹெர்ட்ஸில் 120 கொடுத்தால் கோர் (உள்ளிருக்கும் இரும்பு) காந்தத்தால் நிறைந்து டிரான்ஸ்ஃபார்மர் உறுமும், சூடாகும். 100லிருந்து 110க்குள் கொடுப்பது நல்லது.

அடுத்து சீரீஸ் போர்டு, அதாவது மின்சாரம் ஒரு பல்பு வழியாகவே செட்டுக்குப் போகும் பலகை. 100 வாட்ஸ் குண்டு பல்பு, எல்இடி உதவாது. அதை ஸ்டெப் டவுனுக்கு முன்னால், 230 பக்கத்தில் போடுங்கள். 100 வோல்ட் பக்கத்தில் போட்டால் 230 வோல்ட் பல்பின் ரெசிஸ்டன்ஸ் மிக அதிகம், ஆம்ப் எழுந்திருக்காது. ஸ்பீக்கர் இல்லாமல், வால்யூம் சைபரில் ஆன் செய்யுங்கள். பல்பு ஒரு கணம் பளிச்சென்று எரிந்து மங்கினால் சரி. மங்காமல் எரிந்துகொண்டே இருந்தால் உடனே அணைத்துவிடுங்கள், அவுட்புட் டிரான்சிஸ்டரோ பிரிட்ஜோ (ஏசியை டிசியாக்கும் டையோடுகள்) ஷார்ட். பல்பு இருக்கும்போது ரிலே (ஸ்பீக்கரை ஆம்போடு இணைக்கும் மின்சுவிட்ச்) "டிக்" என்று விழாமல் போகலாம், வோல்டேஜ் குறைவால் வருவது அது, பழுதல்ல.

---

ரிச்சிதெரு_ரீவைண்ட்

சேனல் மறைவது பற்றி: நீங்கள் சொல்லும் அறிகுறி ஸ்பீக்கர் ரிலேதான், பத்துக்கு எட்டு. கான்டாக்டில் படிந்த கறுப்பு ஆக்ஸைடு சின்ன சிக்னலை விடாது. வால்யூம் ஏற்றினால் சிக்னல் அதைத் துளைத்துக்கொண்டு போகும், பிறகு கொஞ்ச நேரம் நன்றாக இருக்கும். உறுதி செய்ய, வலது சேனல் மறைந்திருக்கும் நேரத்தில் ரிலேயின் உள்ளே வரும் காலிலும் வெளியே போகும் காலிலும் ஏசி மில்லிவோல்ட் பாருங்கள். உள்ளே இருந்து வெளியே இல்லை என்றால் ஆள் அகப்பட்டார். பொதுவாக 24 வோல்ட் காயில், இரண்டு செட் கான்டாக்ட். கால் அமைப்பும் கரண்ட் அளவும் ஒத்துப்போகிற புது ரிலே போடுவதே சரி. அவசரத்துக்கு, ஐசோப்ரோபைல் ஆல்கஹாலில் நனைத்த விசிட்டிங் கார்டுத் துண்டைக் கான்டாக்ட் நடுவில் விட்டு, மெல்ல மூடிப் பிடித்து இழுத்தால் கறுப்பு வந்துவிடும். உப்புத்தாள் போடாதீர்கள். மேல்பூச்சு போய் ஒரு மாதத்தில் பழைய கதைதான்.

ரிலே சுத்தமாக இருந்தால் பின்பக்கம் பாருங்கள். ப்ரீ அவுட் (ப்ரீ ஆம்பிலிருந்து வெளியே), மெயின் இன் (பவர் ஆம்புக்கு உள்ளே) இரண்டையும் இணைக்கும் உலோக யூ வடிவக் கம்பி பல செட்களில் இருக்கும். 1978ல் வந்த என்ஏடி 3020லும் இதே அமைப்புதான். அந்தக் கம்பி துருப்பிடித்தாலும் ஒரு சேனல் போகும். கழற்றித் துடைத்துச் செருகினால் பைசா செலவில்லை. டேப் மானிட்டர் சுவிட்சையும் இருபது முறை மேலும் கீழும் தட்டிப் பாருங்கள்.

கரகரப்புக்குப் பிளாஸ்டிக்கைத் தின்னாத, மசகு கலந்த கான்டாக்ட் கிளீனர். செட் அணைந்திருக்க, குமிழுக்குப் பின்னால் இருக்கும் பொட்டென்ஷியோமீட்டரின் கால்களுக்கு மேல் இருக்கும் இடுக்கில் ஒரே ஒரு பீய்ச்சல், முப்பது முறை முழுக்கத் திருப்பல். துருநீக்கி ஸ்ப்ரே அடிப்பவர்களை என்ன சொல்வது. அது உள்ளே உள்ள கார்பன் தடத்தையும் கிரீஸையும் கரைத்து, குமிழ் தளதளவென்று ஆடும்.

எல்லா கெபாசிட்டரையும் ஒரே மூச்சில் மாற்றுவது பற்றி எனக்கு உடன்பாடில்லை. அறுபது பாகம் மாற்றி, செட் எரிந்தால் எந்த இடத்தில் தவறு என்று எப்படிக் கண்டுபிடிப்பீர்கள்? அதுவும் "சால்டரிங் சுமாராக வரும்" என்கிறீர்கள். அந்தக் காலத்து பினாலிக் (பிசின் ஊறிய காகித) சர்க்யூட் போர்டில் சூடு கொஞ்சம் அதிகமானாலும் தாமிரத் தடம் உரிந்து கையோடு வரும்.

---

சீரீஸ்_பல்பு

ரீவைண்ட் சொல்வதில் பாதி ஒப்புக்கொள்கிறேன். மொத்தமாக மாற்ற வேண்டாம், ஆனால் சென்னைச் சூட்டில் நாற்பது வருடம் நின்ற ஃபில்டர் கெபாசிட்டர்களை அப்படியே நம்பவும் மாட்டேன். ஸ்பீக்கரில் 100 ஹெர்ட்ஸ் "ம்ம்ம்" கேட்டு, அது வால்யூமோடு ஏறி இறங்காமல் இருந்தால் ஃபில்டரைச் சந்தேகிக்கலாம். மாற்றினால் அதே வோல்டேஜ் அல்லது மேல், 105 டிகிரி ரகம், மைக்ரோ ஃபாரட் பழையதைவிட 20 சதவீதத்துக்கு மேல் ஏற்ற வேண்டாம். 10,000 இருந்த இடத்தில் 22,000 போட்டால் பேஸ் பெருகும் என்பது கடைப்பேச்சு. ஆன் செய்யும் நொடியில் பிரிட்ஜுக்கும் சுவிட்சுக்கும்தான் அடி. கழற்றும் முன் 100 ஓம்ஸ், 5 வாட்ஸ் ரெசிஸ்டரை இரு முனைக்கும் வைத்து சார்ஜை இறக்குங்கள், ஸ்க்ரூ டிரைவரால் ஷார்ட் செய்யாதீர்கள்.

அதைவிட முக்கியம், ஜப்பான் போர்டுகளில் பெரிய கெபாசிட்டர் அடியில் வைத்த மஞ்சள் பசை. புதிதில் ஒன்றும் செய்யாது. சூட்டில் பழுப்பாகி இறுகினால் கரண்ட் கசிய விடும், பக்கத்து டையோடு, ரெசிஸ்டர் கால்களைப் பச்சையாக அரித்துவிடும். மூங்கில் குச்சியால் சுரண்டி எடுத்து, அரித்த கால்களை மாற்றுங்கள்.

பிறகு இரண்டு அளவுகள், பல்பை எடுத்துவிட்டு, செட் 15 நிமிடம் சூடான பிறகு:

டிசி ஆஃப்செட் (சிக்னல் இல்லாதபோதும் ஸ்பீக்கர் பக்கம் வரும் டிசி): ரிலேவுக்கு முன்னால், அவுட்புட் டிரான்சிஸ்டர்களோடு சேர்ந்த இரண்டு எமிட்டர் ரெசிஸ்டர்கள் சேரும் இடத்துக்கும் கிரவுண்டுக்கும் நடுவே. 20 மில்லிவோல்டுக்குள் நல்லது, 50 வரை பொறுக்கலாம். 100 தாண்டினால் காரணம் தெரியாமல் ஸ்பீக்கர் மாட்டாதீர்கள்.

பயாஸ் (சிக்னல் இல்லாதபோது அவுட்புட் டிரான்சிஸ்டரில் ஓடும் கரண்ட்): எமிட்டர் ரெசிஸ்டரின் இரு முனைகளில். 0.33 ஓம்ஸில் 10 மில்லிவோல்ட் என்றால் 30 மில்லி ஆம்ப் ஓடுகிறது. எவ்வளவு வேண்டும் என்பது அந்த மாடலின் சர்வீஸ் மேனுவலில் இருக்கும், குத்துமதிப்பாக வைக்க வேண்டாம். பழைய ட்ரிம்மரை (பயாஸ் திருத்தும் சின்னத் திருகை) தொடும் முன் யோசியுங்கள். ஸ்லைடர் ஒரு கணம் தடத்தை விட்டு எழும்பினால் பல சர்க்யூட்களில் பயாஸ் எகிறி அவுட்புட் ஜோடி போய்விடும். அணைத்த நிலையில் புது ட்ரிம்மர் போட்டு, குறைந்த பக்கம் வைத்துத் தொடங்குவது உத்தமம்.

எஸ்டிவி-3எச் என்ற சின்ன பயாஸ் டையோடு இருந்தால், வேலை செய்தாலும் மாற்றிவிடுங்கள். அது ஓபன் ஆனால் அவுட்புட் டிரான்சிஸ்டர்கள் கூடவே போகும். மூன்று சாதாரண சிலிக்கான் டையோடுகளைத் தொடராகக் கோத்து, ஹீட்சிங்கில் ஒட்டும்படி பொருத்தினால் ஈடாகும்.

---

கோன்_பேப்பர்

ஸ்பீக்கர் பக்கம் வருகிறேன். உங்களுடையது அமெரிக்க ஸ்பீக்கர் வடிவமைப்பாளர் எட்கர் வில்ச்சர் 1954ல் ஏஆர்-1 பெட்டியில் கொண்டுவந்த முறை. கோனைத் திரும்ப இழுக்கும் ஸ்பிரிங் வேலையைப் பெரும்பாலும் உள்ளே அடைபட்ட காற்றே செய்கிறது. ஆகவே ஃபோம் கிழிந்தால் விளிம்பு மட்டும் போனதாக நினைக்காதீர்கள், ஸ்பிரிங்கே போயிற்று. அந்த நிலையில் சத்தமாகப் பாட விட்டால் வாய்ஸ் காயில் (கோனை அசைக்கும் கம்பிச் சுருள்) பின்தட்டில் முட்டி நசுங்கும்.

ஃபோமா ரப்பரா: நான் மெல்லிய ஃபோம் பக்கம். காற்று ஸ்பிரிங் வலுவாக இருப்பதால் விளிம்பு கொஞ்சம் விறைப்பானாலும் மூடிய பெட்டியில் பெரிய கேடில்லை. ஓட்டை உள்ள பெட்டி என்றால் டியூனிங் கெடும். ரப்பரின் சிக்கல் எடையும் தடிமனும். தடித்த ரப்பர் போட்டால் கோன் நகரவே யோசிக்கும். கடற்கரை ஈரத்தில் ஃபோம் பதினைந்து வருடம் வந்தால் லாபம் என்று வைத்துக்கொள்ளுங்கள். (உங்களுடையது துணி விளிம்பாக இருந்திருந்தால் மாற்றவே சொல்லியிருக்க மாட்டேன்.)

"10 அங்குல ஃபோம்" என்று கேட்டு வாங்காதீர்கள். நான்கு அளவு எடுங்கள்: வெளி விட்டம், வளைவின் வெளி விட்டம், வளைவின் உள் விட்டம், கோனில் ஒட்டும் உள் விட்டம். உள் உதடு தட்டையா, கோனின் சாய்வுக்கு ஏற்ப சாய்ந்ததா, பழையது கோனுக்கு முன்னால் ஒட்டியிருந்ததா பின்னாலா என்பதையும் பழசைப் பிய்க்கும் முன்பே பாருங்கள். பிய்த்த பிறகு யாருக்கும் நினைவிருக்காது.

முதலில் காயில் உயிரோடு இருக்கிறதா என்று மீட்டரில்: 8 ஓம்ஸ் வூஃபருக்கு 5.5 முதல் 7 வரை காட்ட வேண்டும். கோனை விரல்களால் சமமாக அழுத்தினால் உரசல் கூடாது. உரசினால் ஃபோம் வாங்கும் செலவே வீண்.

பழைய பிசினை ஐசோப்ரோபைலும் மழுங்கிய கத்தியும் கொண்டு எடுங்கள். பேப்பர் ஊறக்கூடாது, பஞ்சில் கொஞ்சம் தொட்டுத் தொட்டு. இங்கே அரை மில்லிமீட்டர் பிசின் மிஞ்சினாலும் புது ஃபோம் கோணலாக உட்காரும். ஒட்டுவதற்கு வெள்ளை பிவிஏ பசை. மெல்ல இறுகுவதால் நகர்த்தித் திருத்த நேரம் கிடைக்கும். ரப்பர் சொல்யூஷன் தொட்ட இடத்திலேயே பிடித்துக்கொள்ளும், அதன் கரைப்பான் ஃபோமையும் தின்னும். பிளாஸ்டிக் கோன்காரர்களுக்கு பிவிஏ ஒட்டாது, அது வேறு பசை.

முதல் நாள் கோனில் மட்டும் ஒட்டி 24 மணி நேரம் விடுங்கள். அடுத்த நாள் சட்டத்தில். காயில் நடுவில் நிற்பதற்கு இரண்டு வழி. நடு மூடியை முக்கால் வட்டம் வெட்டித் தூக்கி, இடைவெளியில் நான்கு பிளாஸ்டிக் ஃபிலிம் துண்டு செருகுவது ஒன்று. பழைய எக்ஸ்ரே ஃபிலிம் பொருந்தும், உள்ளே போகாவிட்டால் திணிக்காமல் இன்னும் மெல்லியதைத் தேடுங்கள். மூடியை வெட்டாமல், 30 ஹெர்ட்ஸ் சைன் அலையை மெல்ல விட்டு, கோன் 2, 3 மில்லிமீட்டர் அசைய, உரசல் கேட்காத நிலையில் விளிம்பைச் சுற்றி அழுத்துவது இரண்டாவது. முதல் முறை செய்பவருக்கு ஃபிலிம் வழிதான் பிழையில்லாதது.

பெட்டிக்குள் இருக்கும் கண்ணாடி இழைப் பஞ்சை எடுத்தால் அதே அளவு திரும்பப் போக வேண்டும். கையுறை, மாஸ்க் கட்டாயம். வூஃபரைத் திரும்பப் பொருத்த மூடிய செல் ஃபோம் டேப். வினிகர் வாசனை அடிக்கும் சிலிக்கான் வேண்டாம், அதன் அமிலம் செம்பை அரிக்கும். கடைசியில் கோனை மெதுவாக உள்ளே தள்ளி விடுங்கள். ஓரிரு நொடி எடுத்து நிதானமாக வெளியே வந்தால் பெட்டி காற்றுப் புகாமல் இருக்கிறது. டக்கென்று துள்ளினால் எங்கோ கசிவு, பெரும்பாலும் ஒயர் டெர்மினல் தகடு.

கிராஸ்ஓவர் (வூஃபருக்கும் ட்வீட்டருக்கும் ஒலியைப் பிரித்தனுப்பும் சர்க்யூட்) கெபாசிட்டரை ஒரு காலைக் கழற்றி அளந்து, 10 சதவீதத்துக்கு மேல் விலகியிருந்தால் மட்டும் மாற்றுங்கள். போலாரிட்டி இல்லாத ரகம்.

---

கீழ்க்கட்டளை_காது

எல்லோருக்கும் நன்றி. அளவுகள்: ஸ்டெப் டவுன் 101 வோல்ட், பல்பு மங்கியது. ஆஃப்செட் இடது 12, வலது 64 மில்லிவோல்ட். எமிட்டர் ரெசிஸ்டர் 0.33 ஓம்ஸ், அதில் இடது 9, வலது 8 மில்லிவோல்ட். ரிலேயின் வலது பக்கம்தான் வெளியே சிக்னல் இல்லை, புது ரிலே வாங்கியாயிற்று. 64ஐ அப்படியே விடலாமா?

---

ரிச்சிதெரு_ரீவைண்ட்

ஸ்பீக்கருக்கு ஆபத்தில்லை, ஆனால் இடது 12 இருக்கும்போது வலது 64க்கு ஒரு காரணம் இருக்கும். ஃபீட்பேக்கில் (அவுட்புட்டை உள்ளீட்டுக்குத் திருப்பும் பாதை) கிரவுண்டுக்குப் போகும் சின்ன எலக்ட்ரோலிட்டிக் கெபாசிட்டர், 47 அல்லது 100 மைக்ரோ ஃபாரட், அதை மாற்றிப் பாருங்கள். அது கசிந்தால் உள்ளீட்டில் உள்ள சிறு டிசியையும் ஆம்ப் பெருக்கிக் காட்டும். இரண்டு சேனலிலும் சேர்த்தே மாற்றுங்கள். இறங்காவிட்டால் உள்ளீட்டு டிரான்சிஸ்டர் ஜோடி. அங்கே 2எஸ்ஏ726 என்ற டிரான்சிஸ்டர் இருந்து, வால்யூமோடு சம்பந்தமில்லாத சடசடப்பும் கேட்டால் இரட்டைச் சந்தேகம். கெயின் (பெருக்கும் அளவு) ஒத்துப்போகிற கேஎஸ்ஏ992 ஜோடி போடலாம், கால் வரிசையை டேட்டாஷீட்டில் சரிபார்த்து. மாற்றிய பிறகு மறுபடி சீரீஸ் பல்பிலிருந்து தொடங்குங்கள்.