60 செ.மீ. மீன்தொட்டி: கல், கட்டை, செடி எல்லாம் இருந்தும் ஏன் செயற்கையாகத் தெரிகிறது?

கரைவேர் (கேள்வி)

தொட்டி 60 × 30 × 36 செ.மீ. பின்பக்கம் மாட்டும் ஃபில்டர், 18 வாட் எல்இடி விளக்கு. சிஓ2 (செடிக்குக் கரியமில வாயு செலுத்தும் கருவி) இல்லை, வைக்கும் எண்ணமும் இல்லை. அடியில் 4 செ.மீ. சரளை, முன்னும் பின்னும் ஒரே மட்டம். நட்டநடுவில் டிரிஃப்ட்வுட் என்னும் மரக்கட்டை, அதற்கு இரண்டு பக்கமும் ஒவ்வொரு கல். ஒன்று கருப்பு, ஒன்று வெள்ளை. பின்னால் வாலிஸ்னேரியா செடி வரிசை, முன்னால் அனுபியாஸ் செடி. மீன் 12 நியான் டெட்ரா.

ஆற்றங்கரை மரத்தின் வேர்கள் தண்ணீருக்குள் இறங்கி நிற்கிற தோற்றம் வேண்டும். இப்போது இருப்பதைப் பார்த்தால் அலமாரியில் அடுக்கியது போல் இருக்கிறது. போதாக்குறைக்கு அனுபியாஸின் தண்டு அழுகிக் கொழகொழவென்று ஆகிவிட்டது. கட்டைமேல் வெள்ளையாகப் பஞ்சு மாதிரி ஏதோ படர்கிறது. முழுவதும் கலைத்துவிட்டு மறுபடி அடுக்கத் தயார். எங்கிருந்து தொடங்குவது?

ஓடைக்கல்

செடியை இப்போதைக்கு மறந்துவிடுங்கள் நண்பரே. கல்லும் கட்டையும் மட்டும் இருக்கும்போதே பார்க்க நன்றாக இல்லாத தொட்டியைச் செடி காப்பாற்றாது.

முதல் கோளாறு தரை. மட்டமான தரையை முன்கண்ணாடி வழியே பார்த்தால் ஒரு கோடுதான் தெரியும், 30 செ.மீ. ஆழம் கண்ணில் படவே படாது. முன்னால் 3, பின்னால் 10 செ.மீ. என்று சரிவு கொடுங்கள். சராசரி ஆறரை செ.மீ., பரப்பு 1,800 சதுர செ.மீ., ஆக 12 லிட்டர் அளவுக்குப் பொருள் தேவை. அதில் 3, 4 லிட்டரை லாவா கல்லாக வலைப்பையில் கட்டிப் பின்பக்கம் அடியில் வைத்துவிடலாம். செலவும் குறையும், சரிவும் இறங்காது.

அடுத்தது நட்டநடு. 60 செ.மீ.யைப் பொன்விகிதத்தில் (ஏறத்தாழ 62க்கு 38) பிரித்தால் ஒரு பக்கத்திலிருந்து 23 செ.மீ. வரும். கட்டை அங்கே நிற்கட்டும், ஒன்றிரண்டு செ.மீ. தள்ளிப்போனால் குற்றமில்லை. வேர்த் தோற்றம் வேண்டுமென்றால் கட்டையைத் தலைகீழாகத் திருப்புங்கள்: தடித்த பகுதி நீர்மட்டத்தை ஒட்டி மேலே, கிளைகள் கீழே விரிந்து மண்ணுக்குள் புதைய வேண்டும். நுனிகள் பெரும்பாலும் ஒரே பக்கமாகச் சாய்ந்தால் அந்தத் திசையில் நீரோட்டம் இழுப்பது போல் இருக்கும். கண்ணாடிக்கும் கட்டைக்கும் நடுவே 4, 5 செ.மீ. இடைவெளி விடுங்கள், இல்லையென்றால் பாசி துடைக்கக் கை நுழையாது.

கல் ஒரே வகையாக இருக்க வேண்டும். வெள்ளைக் கல்லில் வினிகர் சொட்டு விட்டுப் பாருங்கள். நுரைத்தால் சுண்ணாம்புக்கல்; தண்ணீரின் கடினத்தன்மையை ஏற்றும், நியானுக்கு மென்நீர்தான் ஒத்துக்கொள்ளும். ஜப்பானில் தகாஷி அமானோ பரப்பிய இயற்கைத் தொட்டி மரபில், இவாகுமி என்னும் கல் அடுக்கில் ஒற்றைப்படை எண்ணிக்கையில், ஒன்றுக்கொன்று அளவு வேறான கற்களைத்தான் வைப்பார்கள். ஒரு பெரியது, இரண்டு சிறியது உங்களுக்குப் போதும். கல்லில் வரிகள் இருந்தால் எல்லாவற்றிலும் ஒரே திசையில் ஓட வேண்டும். மூன்றில் ஒரு பங்காவது புதைந்திருக்க வேண்டும்.

பலர் கோட்டை விடுவது கல்லின் அடிப்பகுதியில். ஓடையில் கிடக்கும் கல்லைப் பாருங்கள், அது முடிந்து மணல் தொடங்கும் இடத்தில் வெட்டியது போன்ற கோடு இருக்காது. கல்லை ஒட்டி அதன் சில்லுகள், அப்புறம் பொடிக்கல், அப்புறம்தான் மணல். அதே கல்லில் ஒரு துண்டைச் சாக்கில் சுற்றிச் சுத்தியலால் உடையுங்கள் (கண்ணுக்குப் பாதுகாப்புக் கண்ணாடி அவசியம்). 3 செ.மீ. சில்லிலிருந்து அரை செ.மீ. பொடிவரை கிடைக்கும். பெரியவற்றைக் கல்லை ஒட்டியும், பொடியை வெளிப்பக்கமும், வேர் மண்ணைத் தொடும் இடங்களிலும் தூவுங்கள். இதைச் செய்ததும் தொட்டி வேறு மாதிரி ஆகிவிடும்.

பாசிக்கொத்து

அனுபியாஸ் அழுகினதுக்குக் காரணம், தண்டைச் சரளைக்குள்ள புதைச்சதுதான். படுத்தமாதிரி போற அந்தத் தடிச்ச தண்டு, ரைசோம், வெளியிலதான் இருக்கணும். கொழகொழப்பான பகுதியை வெட்டி எறிஞ்சிட்டு, உள்ளே கெட்டியா பச்சையா இருக்கிற துண்டை மட்டும் வெச்சுக்கோங்க. மூணு இலை இருந்தா அது பிழைக்கும். கட்டையைத் துணியால ஒத்தி எடுத்து, ஜெல் வகை சூப்பர் க்ளூ ஒரு சொட்டு வெச்சு அரை நிமிஷம் அழுத்திப் பிடிங்க. ஜாவா ஃபெர்ன் செடி வெச்சா அதுக்கும் இதே முறைதான்.

எங்க ஒட்டுறீங்கங்கிறது முக்கியம். கிளை நுனியில ஒட்டினா பூச்செண்டு சொருகின மாதிரி இருக்கும். கிளை பிரியற கவட்டையிலயும், கட்டையோட நிழல் விழற இடத்துலயும் ஒட்டுங்க. அனுபியாஸ் மெதுவா வளர்ற செடி, நேர் வெளிச்சத்துல இலைமேல பாசி ஏறிடும்.

ஜாவா மாஸ்ங்கிற கட்டைமேல படர்ற சின்னச் செடியை 1, 2 செ.மீ. துண்டா நறுக்கி, அடியில இருக்கிற கட்டை தெரியற அளவுக்கு மெல்லிசா பரப்பிப் பருத்தி நூலால சுத்துங்க. கெட்டியா வெச்சா அடிப்பக்கம் வெளிச்சமில்லாம செத்து மொத்தமா கழண்டு வந்துடும். வாலிஸ்னேரியா வரிசையை எடுத்துடுங்க. இந்த உயரத்துல அது மேல படர்ந்து வெளிச்சத்தை மறைக்கும், ஒரு பின்மூலையில மூணு நாலு போதும். கல்லோட அடியில கிரிப்டோகோரைன் வெண்டியை அஞ்சாறு செடி ஒரே கொத்தா நடுங்க. நட்ட கொஞ்ச நாள்ல இலையெல்லாம் கரையும், பயந்து பிடுங்கிடாதீங்க. வேர்லயிருந்து புது இலை வரும்.

வெள்ளைப் பஞ்சு, புதுக் கட்டையிலயிருந்து கசியற சத்தைத் தின்னு வளர்ற பாக்டீரியாவும் பூஞ்சையும்தான். மீனுக்குக் கெடுதல் இல்லை, பழைய பல்துலக்கியால தேய்ச்சு உறிஞ்சி எடுங்க. சில வாரத்துல தானா நின்னுடும்.

கரைவேர்

நன்றி. அக்வாசாயில் (செடிக்கான சத்து மண்) கட்டாயமா? கலைக்கும்போது மீன்களை எங்கே வைப்பது?

மூன்றாம்வாரம்

இந்தச் செடிகளுக்கு அக்வாசாயில் தேவையில்லை என்பது என் கருத்து. அனுபியாஸ், ஃபெர்ன், மாஸ் மூன்றும் தண்ணீரிலிருந்தே சத்து எடுக்கும். கிரிப்டோகோரைனின் வேருக்கு அருகே 10 செ.மீ.க்கு ஒன்றாக ரூட் டேப் என்னும் உர மாத்திரையைப் புதைத்தால் போதும், மூன்று மாதத்துக்கு ஒருமுறை புதியது வையுங்கள். அக்வாசாயில் பலவும் முதல் சில வாரங்களுக்கு அம்மோனியா விடும். அது அடங்கும்வரை மீனை விடக்கூடாது. மணல் என்றால் அந்தத் தொல்லை இல்லை.

மீன்களைப் பழைய தண்ணீரோடு 20 லிட்டருக்குக் குறையாத மூடியுள்ள பிளாஸ்டிக் தொட்டிக்கு மாற்றி, ஃபில்டரை அங்கேயே ஓட விடுங்கள். ஃபில்டர் பஞ்சைக் குளோரின் கலந்த குழாய்த் தண்ணீரில் கழுவாதீர்கள், காயவும் விடாதீர்கள். கழிவைத் தின்னும் பாக்டீரியா செத்துவிடும். பழைய சரளையை எடுத்தால் அந்தப் பாக்டீரியாவில் ஒரு பங்கு போகிறது, ஆகவே மீன் திரும்பியபின் பத்து நாளைக்குத் தினமும் அம்மோனியாவும் நைட்ரைட்டும் சோதியுங்கள். இரண்டில் ஒன்று 0.25 பிபிஎம்மை (பத்து லட்சத்தில் கால் பங்கு) தொட்டாலே பாதித் தண்ணீரை மாற்றுங்கள், தீவனத்தையும் குறையுங்கள்.

வெளிச்சம் முதல் நான்கு வாரம் 6 மணி நேரம், பிறகு 7 அல்லது 8. சிஓ2 இல்லாத தொட்டிக்கு 18 வாட் கொஞ்சம் அதிகம், விளக்கை 10 செ.மீ. உயர்த்திக் கட்டுங்கள். தண்ணீரை ஒரு தட்டின்மேல் மெதுவாக ஊற்றினால் சரிவு கலையாது. ஊறாத கட்டை மிதக்கும், அதன் அடியில் துருப்பிடிக்காத திருகால் ஒரு ஸ்லேட் பலகையை முடுக்கி மணலில் புதையுங்கள்.

ஓடைக்கல்

மணல் என்பதற்கு நானும் உடன்படுகிறேன், ஆனால் நான் முன்பு சொன்ன 10 செ.மீ. சரிவை மணல் தாங்காது. பின்னால் 8 போதும், நடுவில் சில்லுக்கற்களைப் படிக்கட்டு போல் குறுக்கே இரண்டு வரிசை புதைத்துவிடுங்கள். செடி ஒட்டும் முன்பு கைபேசியில் நேர் முன்பக்கமிருந்து கருப்பு வெள்ளைப் படம் எடுத்துப் பாருங்கள். நிறம் போய்விட்டால் எந்தப் பக்கம் கனம் கூடியிருக்கிறது என்பது உடனே தெரியும். திருத்தம் இருந்தால் அப்போதே செய்துவிடுங்கள், தண்ணீர் ஊற்றியபின் கல்லை நகர்த்தினால் சரிவு முழுவதும் இறங்கிவிடும்.